அந்த 'டி' டென்வர் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய அமெரிக்கத் தங்கக் காசுகள் பற்றிய கட்டுரையை ஆசையாகப் படித்தேன். நாலாவது பத்தி வரை எல்லாம் சரி. அங்கே 1850-களின் ஐந்து டாலர் காசு ஒன்றின் படத்தைப் போட்டு, கழுகுக்குக் கீழே உள்ள 'டி' என்ற எழுத்து டென்வர் நாணயச் சாலையைக் குறிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். டென்வரில் அரசு காசு அடிக்கத் தொடங்கியதே 1906-ல்தான். 1863 முதல் அங்கே அரசு அலுவலகம் இருந்தது உண்மை. ஆனால் தங்கத்தை உரைத்துப் பார்த்துக் கட்டியாக வார்த்துக் கொடுத்ததோடு சரி.

படத்தில் இருக்கும் 'டி', ஜார்ஜியா மாநிலத்தின் டலானிகா ஊரில் இருந்த நாணயச் சாலையைக் குறிப்பது. நான் இருப்பது அங்கிருந்து முக்கால் மணி நேரக் கார் தூரத்தில். அதனால்தான் இந்த ரோஷம் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். செய்யட்டும்.

கலிஃபோர்னியாவுக்கு இருபது வருடம் முன்பே இந்த மலைகளில் தங்கம் கிடைத்தது. அது செரோக்கி மக்களின் மண். 1832-ல் ஜார்ஜியா அரசு அதைக் குலுக்கல் போட்டு வெள்ளையருக்குப் பிரித்துக் கொடுத்தது. நாணயச் சாலை திறந்தது 1838-ல். அதே வருடம்தான் செரோக்கிகளைத் துப்பாக்கி முனையில் மேற்கே விரட்டினார்கள். டலானிகா என்ற பெயரே மஞ்சள் நிறத்துக்கான செரோக்கிச் சொல்லிலிருந்து வந்தது. பெயரை வைத்துக்கொண்டு ஆளைத் துரத்திவிட்டார்கள்.

1861-ல் உள்நாட்டுப் போரோடு அந்த நாணயச் சாலையின் கதை முடிந்தது. கடைசியாகத் தென் மாநிலத்தார் அதைக் கைப்பற்றி, இருந்த தங்கத்தில் ஒரு டாலர் காசுகள் அடித்தார்கள். எத்தனை என்று கணக்கே இல்லை. அதில் 'யுனைடெட்' என்ற சொல்லின் முதல் எழுத்து தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். தேய்மானம் இல்லை, அச்சு சரியாகப் பதியவில்லை, அவ்வளவுதான். உங்கள் படத்துக்குக் கீழே 'தேய்ந்த காசு' என்று போட்டிருப்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. காசில் உள்ள பெண் தலையின் முடிச் சுருள் மழுங்கியிருக்கிறது, ஆனால் சுற்றியுள்ள வெற்றிடத்தில் மினுமினுப்பு அப்படியே இருக்கிறது. கை பட்டு அந்த அளவுக்குத் தேய்ந்த காசில் அந்த மினுமினுப்பும் பெரும்பாலும் போயிருக்கும்.

ஒரு எழுத்துக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். நான் பட்டவள். பதினான்கு வருடம் முன்பு ஒரு நாணயக் கண்காட்சியில் 1840-களின் ஐந்து டாலர் காசு ஒன்று வாங்கினேன். எடை எட்டு கிராமும் கொஞ்சமும், சரி. பத்தில் ஒன்பது பங்கு தங்கம், அதுவும் சரி. கழுகுக்குக் கீழே அழகாக ஒரு 'டி'. வீட்டுக்கு வந்து பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், எழுத்தின் காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. அச்சில் விழுந்த எழுத்து காசின் உடம்பிலிருந்தே எழும்பி நிற்கும். இது மேலே உட்கார்ந்திருந்தது. பிலடெல்பியா நாணயச் சாலையில் அடித்த அந்தக் காலக் காசுகளில் ஊர் எழுத்து கிடையாது. அப்படி ஒன்றை எடுத்து யாரோ 'டி' ஒட்டியிருக்கிறார்கள். தரச்சான்று தரும் நிறுவனமும் அதையே எழுதித் திருப்பி அனுப்பியது. அப்புறம் விற்றவருக்குப் போன் செய்தால், அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை.

காசு அசல், தங்கம் அசல், எழுத்து மட்டும் போலி. அந்த எழுத்துக்குத்தான் நான் கூடுதலாகப் பணம் கொடுத்திருந்தேன்.

கட்டுரையாளர் ஏன் தடுமாறினார் என்பதும் புரிகிறது. 1906, 1907-ல் டென்வரும் சுதந்திரத்தைக் குறிக்கும் 'லிபர்ட்டி' பெண் தலை போட்ட இதே ஐந்து டாலரை அடித்தது, எழுத்தும் அதே இடத்தில். வித்தியாசம் தெரிய வருடத்தைப் பார்த்தால் போதும். வருடம் மங்கியிருந்தால் காசைத் திருப்பிப் பாருங்கள். கழுகின் தலைக்கு மேலே கடவுளை நம்புகிறோம் என்ற ஆங்கில வாசகம் இருந்தால் அது 1866-லோ அதற்குப் பிறகோ அடித்தது, டலானிகாவாக இருக்க வாய்ப்பே இல்லை. டலானிகாவின் 1838, 1839 ஐந்து டாலர்களில் மட்டும் எழுத்து முன்பக்கம் வருடத்துக்கு மேலே இருக்கும்.

இந்தப் பக்கம் இருக்கும் உங்கள் வாசகர் யாரிடமாவது அப்படி ஒரு காசு இருந்து, கட்டுரையை நம்பி, 'டென்வர்தானே' என்று தங்க விலைக்குத் தள்ளிவிட்டால் பெரிய நஷ்டம். அடுத்த ஞாயிறு ஒரு மூலையிலாவது திருத்தம் போடுங்கள். படத்தில் இருக்கும் காசின் சொந்தக்காரருக்கு மட்டும் அதுவரை காத்திருக்காமல் இன்றே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
கம்மிங், ஜார்ஜியா