பிப்ரவரியிலேயே இறங்கி வா

செம்பூர், மும்பை
ஜனவரி 2

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் அன்று நீ அனுப்பிய குரல் செய்தியை உங்கம்மா இன்னும் போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதில் நீ போகிற போக்கில் சொன்ன விஷயம் ஒன்று இருக்கிறது. பிப்ரவரி கடைசியில் முடிகிற ஒப்பந்தத்தை மே கடைசி வரைக்கும் நீட்டச் சொல்லிக் கப்பல் கம்பெனி கேட்கிறது, வீட்டுக் கடன் கொஞ்சம் குறையுமே, நீட்டட்டுமா என்றாய். "வேண்டாம்" என்று போனிலேயே ஒரு சொல் போட்டிருக்கலாம். ஆனால் ஏன் வேண்டாம் என்பது இந்த விடுமுறையில் வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

அண்ணன் வாங்கிய படகை நீ போட்டோவில் பார்த்திருக்கிறாய். போட்டோவில் அது பரவாயில்லை. டெம்போவிலிருந்து இறக்கிக் கீழே கார் நிறுத்துமிடத்தில் இரண்டு மரக்குதிரை மேல் வைத்தபோது மதினி ஒன்றும் பேசாமல் மாடிக்கு ஏறிப் போய்விட்டாள். எண்டர்பிரைஸ் வகை. பதின்மூன்றேகால் அடி நீளம், உடம்பு முழுக்க பிளைவுட், இரண்டு பேர் ஓட்டுவது. 1956-ல் ஜாக் ஹோல்ட் என்கிற ஆங்கிலேயர் வரைந்த படகு. பாய் நீல நிறமாக இருந்தால் தூரத்திலேயே இந்த வகை என்று கண்டுகொள்ளலாம். கொலாபா பக்கம் ஒரு கிளப்பில் கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. தார்ப்பாய் கிழிசல் வழியாக ஒவ்வொரு மழைக்காலமும் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறது. கடல் தண்ணீர் மரத்தை அவ்வளவு சுலபமாகக் கெடுக்காது, உப்பில் பூஞ்சை பிழைக்காது. மழைத் தண்ணீர் நின்றால்தான் மரம் இற்றுப்போகும். நீ பெரிய கப்பலில் இரும்பையும் துருவையும் பார்க்கிறவள். மரத்துக்கு வியாதியே வேறு.

இற்ற இடம் எது என்று கண்டுபிடித்தவள் உங்கம்மா. அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து அதன் கட்டையால் பலகையைத் தட்டிக்கொண்டே வந்தான். நல்ல மரம் கணீரென்று பேசும், கெட்டது மொத்தென்று அமுங்கும். அவனுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் தேங்காய் தட்டி வாங்குகிற கை உங்கம்மாவுடையது. கீழே இறங்கி வந்தாள், ஒரு சுற்றுத் தட்டினாள், சாக்பீஸால் வட்டம் போட்டாள். அணியத்துத் தளத்துக்கு, அதாவது படகின் முன்பக்கத் தளத்துக்கு, அடியில் ஒன்று, நடுப்பலகை இறங்குகிற கூட்டின் ஓரத்தில் ஒன்று, பின்பலகையின் கீழ் மூலையில் ஒன்று. ஊசியால் குத்திப் பார்த்தோம். மூன்றிலும் ஊசி உள்ளே போனது.

அன்றிலிருந்து இது அண்ணன் படகு இல்லை, வீட்டுப் படகு.

மார்கழிதான் இந்த வேலைக்கு ஏற்ற மாதம். எபாக்சி பசைக்கு ஈரம் ஆகாது. காற்று நனைந்திருக்கும்போது தடவினால் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் படியும், அதைக் கழுவாவிட்டால் அடுத்த பூச்சு பிடிக்காது. டிசம்பரில் பம்பாய்க் காற்று காய்ந்திருக்கிறது, பகல் வெயிலும் அவ்வளவு கடுமையில்லை. இரண்டு பங்கு பசைக்கு ஒரு பங்கு கெட்டியாக்கி, எடை போட்டுக் கலக்க வேண்டும். எடை போடுகிற பொறுப்பை அண்ணன் மகன் எடுத்துக்கொண்டான். உங்கம்மாவின் சமையலறைத் தராசு இப்போது அவனிடம் இருக்கிறது, அவளுக்குப் புதிது வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. குவளையில் கலந்து வைத்தால் பசை தன் சூட்டிலேயே கொதித்து இறுகிவிடும். அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பினால் சூடு வெளியேறும், கொஞ்ச நேரம் தாங்கும். இதை ஒரு தரம் சொன்னேன். அதற்கப்புறம் பையன் பெரியவர்களை விரட்ட ஆரம்பித்துவிட்டான். "தட்டிலே ஊத்துங்க தாத்தா, தட்டிலே!"

மரம் வாங்க ரே ரோடு போனேன். ஹார்பர் லைனில் ஏறி உட்கார்ந்ததும் திரும்பவும் வேலைக்குப் போகிற நினைப்பு வந்துவிட்டது. ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மெரைன் பிளைவுட்தான் வேண்டும் என்று நின்று வாங்கினேன். கடைக்காரர் சாதாரணப் பலகையைக் காட்டி "இதுவும் தண்ணீருக்குத் தாங்கும் சார்" என்றார். என் பேரப்பிள்ளைகள் ஏறப்போகிற படகு, தாங்கும் என்று வாயால் சொன்னால் போதுமா. அப்படியே தாருகானாவுக்கு நடந்தேன். உடைத்த கப்பல்களின் சாமான் அங்கே இன்னும் மலையாகக் கிடக்கிறது. நல்ல கப்பிகள் கிடைத்தன. பித்தளை ஆணி நிறைய இருந்தது, தொடவில்லை. உப்புத் தண்ணீரில் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்விடும், மிச்சம் இளஞ்சிவப்பாகப் பொரபொரவென்று நிற்கும். பழைய படகில் கழற்றிய ஆணிகள் அத்தனையும் அப்படித்தான் இருந்தன. அதனால் இப்போது எல்லாம் துருப்பிடிக்காத எஃகு.

வெட்டி ஒட்டுவதுதான் பெரிய வேலை. இற்றதை மட்டும் தோண்டி எடுத்தால் ஆகாது, நல்ல மரம் வருகிற வரைக்கும் போக வேண்டும். பழைய பலகையும் புதுப் பலகையும் சேருகிற இடத்தைத் தடிமனுக்கு எட்டு மடங்கு சரிவாக இழைக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் பலகைக்கு 48 மில்லிமீட்டர் சரிவு. நான் துறைமுகத்தில் பிட்டராக இரும்போடு காலம் தள்ளியவன், இழைப்புளி பிடித்தது சின்ன வயதில் தூத்துக்குடியில்தான். ஆனாலும் கை மறக்கவில்லை. அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்தான், பிறகு வாங்கிக்கொண்டான், பிறகு கொடுக்கவே மாட்டேன் என்றான்.

அவன் வீட்டில் எவ்வளவு பேசுவான் என்று உனக்குத் தெரியும். ஆபீசிலிருந்து வந்தால் சாப்பாடு, போன், தூக்கம். இழைக்க ஆரம்பித்ததும் பேச்சு வந்தது அவனுக்கு. தாத்தா தோணியைப் பற்றிக் கேட்டான். எத்தனை பேர் ஓடுவார்கள், பாய் எப்படி ஏற்றுவார்கள், கொழும்புக்கு எந்தக் காற்றில் போவார்கள் என்று. வாடைக் காற்றில் தெற்கே இறங்கி, சோழகம் என்கிற தெற்குக் காற்று எழும்பினால் திரும்பி வருகிறதைச் சொன்னேன். வெங்காயமும் கருவாடும் ஏற்றிப் போன கதையைச் சொன்னேன். கரையில் தோணியைச் சாய்த்துப் போட்டு, பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி கலப்பத்து அடிக்கிற சத்தத்தைச் சொன்னேன். எங்கப்பா அந்த நேரம் பக்கத்தில் யாரையும் பேசவிட மாட்டார். உளி அடிக்கிற சத்தத்திலேயே பஞ்சு சரியாக இறங்கியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். எஞ்சின் வந்தபிறகு பாய் ஓட்டம் ஒவ்வொன்றாக நின்றது. நான் அதற்குள் இங்கே வந்துவிட்டேன். 1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டு நடந்தபோது பாய்மரப் போட்டியை மட்டும் இங்கே பம்பாயில்தான் வைத்தார்கள். ஃபரோக் தாராபூரும் ஜரீர் கரஞ்சியாவும் ஃபயர்பால் வகைப் படகில் தங்கம் வாங்கினார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிது, வேலை நடுவே தலையைத் தூக்கினால் தூரத்தில் பாய் ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பேன். இதையெல்லாம் இத்தனை வருஷத்தில் நான் அவனிடம் சொன்னதில்லை, கேட்கிற நேரம் அவனுக்கும் வாய்த்ததில்லை. அவன் கேட்டதும் நான் சொன்னதும் எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று உன்னிடம்தான் சொல்ல முடியும்.

பண்டிகையையும் விட்டுவிடவில்லை. 24-ம் தேதி மதியத்தோடு வேலையை நிறுத்து என்று உங்கம்மா உத்தரவு. குடில் இந்த வருஷம் படகு மரத்தில்தான். மிச்சத் துண்டில் கூரை, இழைத்த சுருளில் வைக்கோல், மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்து புல்தரை. மாட்டுத் தொழுவத்துப் பக்கத்தில் அண்ணன் மகள் ஒரு குட்டிப் படகையும் நிறுத்திவிட்டாள். பெத்லகேமில் ஏது கடல் என்று மதினி கேட்டதற்கு, "ராயப்பர் மீன் பிடிக்கிறவர்தானே" என்றாள். ஸ்டாரைப் பால்கனியில் கட்டாமல் பாய்மரத்து உச்சியில் கட்டித் தூக்கினோம். தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். தமிழ்ப் பூசைக்குப் போய் வந்தபோது மணி இரண்டு. உனக்கு அன்று இரவு எட்டிலிருந்து பன்னிரண்டு வரை கப்பலில் வாட்ச், காவல் முறை, என்று தெரியும், பூசையில் அந்த நேரத்துக்கு உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் ஆப்பமும் ஆட்டுக்கறியும். தூத்துக்குடியிலிருந்து சித்தி மக்ரூன் அனுப்பியிருந்தாள், பாதி வழியில் நொறுங்கி வந்தும் ருசி போகவில்லை. எதிர் வீட்டு மாமி மார்கழி முழுக்க விடியலில் வாசலில் கோலம் போடுகிறவர், இப்போது மரக்குதிரைகளைச் சுற்றியும் சேர்த்துப் போடுகிறார். வெண்பொங்கல் தூக்கு அங்கிருந்து வரும், அச்சு முறுக்கு இங்கிருந்து போகும்.

பாயை உங்கம்மா எடுத்துக்கொண்டாள். துணி நன்றாகவே இருக்கிறது, தையல்தான் கைவைத்தால் பிரிகிறது. வெயில் முதலில் நூலைத்தான் தின்னும். பழைய தையலைப் பிரித்து, பாலியஸ்டர் நூல் போட்டுத் திரும்ப அடிக்கிறாள். ஹாலை அடைத்துக்கொண்டு நீலமாகக் கிடக்கிறது, ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடித்தால்தான் மிஷினுக்குள் போகும். டிவி பார்த்து நாளாகிறது.

31-ம் தேதி ராத்திரி எல்லோருமாகக் கொலாபாவுக்குப் போனோம். பன்னிரண்டு அடித்ததும் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் எல்லாம் ஒன்றாக ஊதும், உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நான் வேலையில் இருந்த காலத்தில் அது எனக்குத் தினப்படிச் சத்தத்தோடு ஒரு சத்தம். இந்தத் தடவை உங்கம்மா ஒவ்வொரு ஊதலுக்கும் "இதிலே யார் யார் வீட்டுப் பிள்ளை நிக்குதோ" என்றாள். பிள்ளைகள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கம்பெனிக்கு நீ என்ன பதில் எழுதப் போகிறாய் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்குள் ஒட்டு வேலை முடியும். பிறகு சோப்புத் தண்ணீர் தடவி, மெல்லக் காற்று ஊதி, படகை மூழ்காமல் தாங்குகிற மிதவைப் பெட்டிகளில் எங்கே குமிழி வருகிறதென்று பார்க்க வேண்டும். பிறகு பெயின்ட், வார்னிஷ். பிப்ரவரி கடைசியில் படகு தண்ணீருக்குத் தயார். மார்ச்சில் மத்தியானம் ஆனால் வடமேற்கிலிருந்து நல்ல காற்று ஒழுங்காக எழும்பும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். அட்டமி, நவமியை ஒட்டி நீரோட்டம் மந்தமாக இருக்கிற நாளாகப் பார்த்து முதலில் இறக்கலாம் என்றிருக்கிறேன். அமாவாசை, பௌர்ணமியில் இந்தத் துறைமுகத்துத் தண்ணீர் ஏறி இறங்குகிற வேகம் சின்னப் படகுக்கு ஆகாது. மே கடைசியில் கிளப்பில் எல்லாப் படகையும் கரையேற்றிக் கட்டிவிடுவார்கள். நீ மேயில் இறங்கினால் மழையோடு வந்து இறங்குவாய். அப்புறம் அக்டோபர், அதற்குள் அடுத்த கப்பல் உன்னைக் கூப்பிட்டுவிடும்.

கடனைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். நானும் அண்ணனும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். என் பென்ஷனும் அவன் சம்பளமுமாக மாதத் தவணை தடையில்லாமல் போகிறது. நீ அனுப்புவதில் பாதியை உங்கம்மா உன் பேரிலேயே போட்டு வைத்திருக்கிறாள், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. மூன்று மாதச் சம்பளத்தில் வட்டி கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் ஆறு மாதம் நாளில் இரண்டு வாட்ச் நின்ற உடம்பு, அதற்கு மேல் இன்னும் மூன்று மாதம் இழுக்கிற அளவுக்கு இந்த வீட்டில் தேவை எதுவும் இல்லை.

எனக்கு இன்னொன்றும் இருக்கிறது. உன் தாத்தா பாயைப் பார்த்துக் காற்றைச் சொன்னவர். நான் கரையிலேயே நின்றுவிட்டேன். நீ இருபது மாடி உயரத்துக் கப்பலை ரேடாரும் சாட்டிலைட்டும் பார்த்து ஓட்டுகிறாய், அதில் எனக்குள்ள பெருமை கொஞ்சமில்லை. ஆனால் பாய் உப்பும்போது கயிறு கையை இழுக்கிற இழுப்பு உனக்கு இன்னும் தெரியாது. எனக்கும் சின்ன வயதில் ஒரு சில தடவை தெரிந்ததோடு சரி. அதை இரண்டு பேருமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பேர் ஓட்டுகிற படகுதானே. சுக்கானையும் அதன் பிடியையும் அண்ணன் கழற்றித் தனியே வைத்திருக்கிறான், யாரையும் தொடவிடுவதில்லை. அதை இழைத்து வார்னிஷ் போடுவது உன் வேலை என்று சொல்லிவிட்டான். முதல் நாள் பிடிக்கப் போகிறவளும் நீதான், அதில் வீட்டில் இரண்டாம் பேச்சில்லை.

அதனால் கம்பெனிக்கு நீட்டிப்பு வேண்டாம் என்று இந்த வாரமே எழுது, மாற்று ஆள் போட அவர்களுக்கும் நேரம் வேண்டும். இறங்குகிற துறைமுகம் சிங்கப்பூர் என்றால் கயிற்றையும் பாயையும் மாட்டுகிற 5 மில்லிமீட்டர் எஃகு ஷேக்கிள் ஒரு டஜன் வாங்கி வா, தாருகானாவில் கிடைத்ததெல்லாம் ஒன்றுக்கொன்று அளவு சேரவில்லை. கையுறை உனக்கு இங்கேயே வாங்கிவிடலாம், அளவு மட்டும் அனுப்பு.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அப்பா