அந்தத் தகரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவிடாதீர்கள்

இரும்பையும் தகரத்தையும் தட்டி இசை செய்யும் பெர்லின் குழுவான ஐன்ஸ்டுர்ட்செண்டே நொய்பவுட்டனுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பிளிக்ஸா பார்கெல்ட், ஆண்ட்ரூ உன்ரூ மற்றும் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் உங்களுக்கு நேரடியாகப் புரியும் என்பது தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் பாடினால்தான் நாலு நாட்டில் விற்கும் என்றிருந்த காலத்தில் நீங்கள் ஜெர்மனில் பாட வந்தீர்கள். பிற்பாடு ஆங்கிலப் பாட்டுகளும் சில செய்தீர்கள், சரி. ஆனாலும் உங்களுக்கு வீடு ஜெர்மன்தான். அந்த மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாமல்தான் நான் உங்களைக் கேட்க ஆரம்பித்தேன்; உங்களால்தான் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அந்த உரிமையில் என் மொழியில் எழுதுகிறேன். யாராவது மொழிபெயர்த்துச் சொல்லட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதைக் கேட்பதற்கு முன்னால், உங்களை எப்படிக் கேட்டு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த வேண்டுகோள் எங்கிருந்து வருகிறது என்பது புரியாது.

முதலில் உங்கள் பெயர். போருக்கு முன் கட்டிய பெர்லின் வீடுகளை 'ஆல்ட்பவ்' என்பார்கள்: தடித்த சுவர், உயர்ந்த கூரை. குண்டுவீச்சில் தரைமட்டமான இடங்களில் அவசர அவசரமாக எழுப்பியவை 'நொய்பவ்'. அந்தப் புதுக் கட்டடங்கள் இடிந்து விழுவதைத்தான் நீங்கள் பெயராக வைத்துக்கொண்டீர்கள். 'இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்' என்று தமிழில் அப்படியே சொல்ல முடிகிறது. 'விழுந்த' என்று முடிந்துபோகாமல், 'விழும்' என்று இன்னும் நடந்துகொண்டிருக்கும் பெயரெச்சம். 1980 ஏப்ரல் 1 அன்று மூன் என்ற கிளப்பில் முதல் கச்சேரி. பிளிக்ஸா, உன்ரூ, குட்ருன் குட், பெயாட்டே பார்டெல் என்று நான்கு பேர். ஏழே வாரத்தில், மே 21 அன்று, பெர்லின் காங்கிரஸ் மண்டபத்தின் கூரை நிஜமாகவே இடிந்து விழுந்தது. 1957இல் அமெரிக்கர்கள் பரிசாகக் கட்டிக் கொடுத்த மண்டபம் அது. ஒருவர் இறந்துபோனார். அதனால் பெயர்ப் பொருத்தம் என்று அதை ரசித்துச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அந்த ஊர் எதன் மேல் நின்றுகொண்டிருந்தது என்பதை நீங்கள் முன்னாலேயே காதில் வாங்கியிருந்தீர்கள்.

கையில் காசில்லாமல் உன்ரூ டிரம் செட்டை விற்ற கதையை உங்கள் ரசிகர்கள் எல்லோரும் அறிவார்கள். டிரம் போனபின் கிடைத்ததைத் தட்டினார்: இரும்புத் தகடு, குழாய், கட்டுமான இடத்தில் கிடந்த கம்பி. அதே ஆண்டு நெடுஞ்சாலைப் பாலத்தின் உள்ளே இருந்த பொந்துக்குள் புகுந்து, மேலே வண்டிகள் ஓட ஓட, கீழே இரும்பைத் தட்டிப் பதிவு செய்தீர்கள். 1981இல் 'கொலாப்ஸ்' இசைத்தட்டு வந்தது. அதற்குள் ஹாம்பர்க்கிலிருந்து எஃப்.எம். ஐன்ஹைட் வந்து சேர்ந்துவிட்டார். அந்தத் தட்டின் உறையில் ஒலிம்பிக் அரங்கத்தின் முன்னால் உங்கள் கருவிகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்து ஒரு படம் இருக்கும். ராக் குழுவான பிங்க் ஃபிளாய்ட் தங்கள் விலையுயர்ந்த சாமான்களை அப்படிப் பரப்பி எடுத்துக்கொண்ட படத்துக்கு நேர் பதில் அது. நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு பழைய இரும்புக் கடையின் வாசல் மாதிரி இருக்கும். ஆனால் சிதறிக் கிடக்காது; ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் அடுக்கி இருக்கும். அந்த ஒழுங்கைப் பார்த்தபோதுதான் இது வெறும் கலாட்டா இல்லை என்று எனக்கு உறைத்தது.

1984 ஜனவரியில் லண்டன் ஐ.சி.ஏ. என்ற கலை மையத்தின் அரங்கில் மேடையையே துளைக்கப்போய், இருபது நிமிடம் போலத்தான் நடந்து நிறுத்தப்பட்ட நிகழ்ச்சியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள், பலர் அதிலேயே முடித்தும் விடுகிறார்கள். துளைபோடும் எந்திரத்தையும் தீப்பொறியையும் தாண்டி வராத அந்த எழுத்துகள் எனக்குப் பிடிப்பதில்லை. 'அப்புறம் அவர்கள் மென்மையாகிவிட்டார்கள், வயசாகிவிட்டது, பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்கள்' என்பதுதான் அந்தப் பேச்சின் அடுத்த வரி. அதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

அமைதி உங்களிடம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று கிடையாது. 1985இல் வந்த 'ஹால்பர் மென்ஷ்' தட்டின் தலைப்புப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். இரும்புச் சத்தத்துக்காகக் காதைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்தால் வருவது மனிதக் குரல்கள், ஏறக்குறைய குரல்கள் மட்டும். பாதி மனிதனாக ஆக்கப்பட்டவனைப் பற்றி ஒரு கூட்டுக் குரல் வெட்டி வெட்டிப் பாடுகிறது. தகடு இல்லாமலேயே தகடு அடி விழுகிறது. 1989இல் 'ஹவுஸ் டேர் லூகே', பொய்யின் வீடு. ஒவ்வொரு மாடியாக ஏறிப்போய், மேலே கடவுள் தன்னைச் சுட்டுக்கொண்டு கிடக்க, அந்த மொட்டைமாடிக் கூரையைக் குடியிருப்பாக மாற்றும் வேலை நடக்கிறது என்று சொல்கிற பாட்டு. அதைச் சாதாரணக் கதை சொல்லும் குரலில் சொல்கிறார் பிளிக்ஸா. கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

என் சொந்த அனுபவம் ஒன்று. 2000இல் வந்த 'சைலன்ஸ் இஸ் செக்ஸி'யை முதல் தடவை கேட்டபோது ராத்திரி பன்னிரண்டு மணி இருக்கும். இயர்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு திடீரென நின்றுவிட்டது. போனில் சார்ஜ் போய்விட்டது என்று எடுத்துப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. திரும்பக் காதில் வைத்தபோது ஒருவர் சிகரெட்டை இழுப்பது கேட்டது. புகையிலை கருகும் அந்த நெறுநெறு சத்தம், அப்புறம் வெளியே விடும் மூச்சு. அவ்வளவுதான். பக்கத்து அறையில் ஓடிய மின்விசிறி, தெருவில் தூரத்தில் போன ஒரு வண்டி, எல்லாமே அந்தப் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. இருபது வருடம் இரும்பைத் தட்டித் தட்டிக் காதைத் தீட்டியவர்களால்தான் ஒரு சிகரெட் எரிவதை இசையாகக் கேட்க முடியும். உங்கள் வளர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான். சத்தத்தில் நீங்கள் காட்டிய அதே பிடிவாதம் இங்கே மௌனத்தில் இருந்தது.

இதற்கு நடுவில் குழு உடைந்து ஒட்டியதும் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் மார்க் சுங் போனார், ஐன்ஹைட் போனார். 1997இல் யோகன் ஆர்பைட்டும் ருடால்ஃப் மோசரும் வந்தார்கள். அந்த வருடங்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், நான் தாண்டிப் போகிறேன்.

2002இல் நீங்கள் செய்த காரியம் மட்டும் இன்றைக்கும் என்னை அசத்துகிறது. கம்பெனிகளிடம் கையேந்தாமல், கேட்பவர்களிடமே முன்பணம் வாங்கி, ஒத்திகையை இணையத்தில் கேமரா வைத்துக் காட்டி, அவர்கள் பார்க்கப் பார்க்கவே இசை செய்தீர்கள். கூட்டு நிதி திரட்டும் தளங்கள் பெயர் வாங்குவதற்குப் பல வருடங்கள் முன்னால். பாதி வெந்த பாட்டை அந்நியர்கள் முன்னால் வைப்பது எவ்வளவு கூச்சமான விஷயம்! 2004இல் அந்த ஆதரவாளர்களையும் சேர்த்துக்கொண்டு, பழைய கிழக்கு ஜெர்மனியின் குடியரசு மாளிகைக்குள் கச்சேரி செய்தீர்கள். அஸ்பெஸ்டாஸ் உரித்தெடுத்தபின் வெறும் இரும்புக்கூடாக நின்ற கட்டடம். இரண்டு வருடத்தில் அதை இடிக்கத் தொடங்கினார்கள். 1976இல் திறந்த அந்தப் புதுக் கட்டடம் விழுவதற்கு முன் அதற்குள் கடைசிக் காலத்தில் ஒலித்தவற்றில் உங்கள் இசையும் ஒன்று.

இனி 'லமெண்ட்', அதாவது ஒப்பாரி. 2014இல் முதல் உலகப் போரின் நூற்றாண்டுக்காக பெல்ஜியத்தின் டிக்ஸ்மவுடே ஊரில் முதலில் நிகழ்த்தினீர்கள். அதில் போரைத் தாளமாகவே அடிக்கும் பகுதியை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய். ஒரு அடி என்றால் ஒரு நாள். நிமிடத்துக்கு 120 அடி. 1914 ஜூலை 28 முதல் 1918 நவம்பர் 11 வரை 1,568 நாட்கள். பதின்மூன்று நிமிடத்தில் போர் முடிந்துவிடுகிறது. ஒரு நாடு போரில் இறங்கினால் அதன் குழாய் ஒலிக்க ஆரம்பிக்கும், விலகினால் நிற்கும். நடுவில் ஒரு மாதத்தை மட்டும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினைந்து நொடி. அந்தப் பதினைந்து நொடிக்குள் எத்தனை ஆயிரம் பேர் என்று நினைத்தபோது விரல் நின்றுவிட்டது. அந்த ஃபிளாண்டர்ஸ் மண்ணில் 1914லேயே இந்தியச் சிப்பாய்கள் கொண்டுவரப்பட்டு விழுந்திருக்கிறார்கள். எனவே அது எங்கள் ஆட்களுக்கான ஒப்பாரியும்கூட.

அதே 'லமெண்ட்'டில் போர்க் கைதிகளின் குரல்கள் வருகின்றன. ஜெர்மன் மொழியியலாளர்கள் முகாம்களுக்குப் போய், பைபிளின் ஊதாரி மகன் கதையைக் கைதிகளின் சொந்த மொழிகளில் சொல்லவைத்துப் பதிவு செய்தவை. பெர்லின் ஒலிக் காப்பகத்தில் ஒரு நூற்றாண்டாகத் தட்டுகளாகக் கிடந்தவை. பதிவு செய்தவர்களுக்கு வேண்டியது உச்சரிப்பு. நீங்கள் அலமாரியைத் திறந்து, உச்சரிப்புக்குப் பின்னால் இருந்த ஆளைக் கேட்கவைத்தீர்கள்.

2020இல் வந்த 'அல்லெஸ் இன் அல்லெம்' பற்றியும் ஒரு வார்த்தை. புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க்கின் உடலை வீசிய லாண்ட்வேர் கால்வாய், டெம்பெல்ஹோஃப், வெட்டிங் என்று பெர்லினையே சுற்றி வரும் தட்டு. அதில் துணியடைத்த பெரிய பைகளைத் தட்டி ஒரு பாட்டு. புலம்பெயர்கிறவர்கள் தூக்கிக்கொண்டு ஓடும் அந்தப் பை எங்களுக்கு நன்றாகத் தெரிந்த பை. நீங்கள் மேற்கு பெர்லினில் தகரம் தட்டிக்கொண்டிருந்த அதே எண்பதுகளில், இலங்கைத் தமிழர்கள் கிழக்குப் பக்கத்து ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி, ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ நிலையம் வழியாக உங்கள் ஊருக்குள் தஞ்சம் கேட்டு வந்தார்கள். அவர்கள் கையில் இருந்ததும் பைதான். அதில் விழும் 'தொப் தொப்' என்ற அடியை நான் சும்மா ஒரு தாளமாகக் கேட்க முடியவில்லை.

சரி, வேண்டுகோளுக்கு வருகிறேன்.

2024இல் 'ராம்பன்' தட்டு வந்தது. மேடையில் ஒத்திகை இல்லாமல் தொடங்கிய துணுக்குகளிலிருந்து எழுந்த இசை. நாற்பத்து நான்கு வருடம் கழித்தும் கையில் எதுவும் முடிவாக இல்லாமல் கூட்டத்தின் முன் போய் நிற்கிறீர்கள். ஆனால் வயது எல்லோருக்கும் ஏறுகிறது. என்றைக்காவது ஒரு நாள் உங்கள் கருவிகளை ஏதோ ஓர் அருங்காட்சியகம் கேட்கும். நல்ல எண்ணத்தோடுதான் கேட்பார்கள். கண்ணாடிப் பெட்டி, மஞ்சள் விளக்கு, 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை.

தயவுசெய்து அப்படிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு கிதாரை அப்படி வைத்தால் பரவாயில்லை. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் கோடிப் பேர் இருக்கிறார்கள், அதே மாதிரி இன்னொன்று கடையில் கிடைக்கும். உன்ரூ பொறுக்கியெடுத்த தகட்டுக்கு அப்படி யாரும் இல்லை. எங்கே அடித்தால் முழங்கும், எங்கே அடித்தால் செத்த சத்தம் வரும், எந்தச் சுத்தியல், எவ்வளவு தூரத்தில் மைக் என்பதெல்லாம் உங்கள் கைகளுக்கு மட்டுமே தெரியும். அந்தக் கை விலகிய நிமிடமே அது மறுபடி பழைய இரும்பு. 'பெர்பெட்டூம் மொபிலே' தட்டில் காற்றழுத்தத்தில் ஊதவைத்த குழாய்களும் அப்படித்தான்.

அதனால் கொடுப்பதென்றால் தொடலாம் என்ற நிபந்தனையோடு கொடுங்கள். இளைஞர்கள் வந்து அடிக்கட்டும். நெளிந்தால் நெளியட்டும், உடைந்தால் இன்னொரு தகடு பொறுக்கி வரட்டும். கூடவே, வாசிக்கும் முறையை எழுதி வையுங்கள், முடிந்தால் படமெடுத்தும் வையுங்கள். நீங்களே சீட்டுக் குலுக்கி எடுத்து, அதில் வந்த வார்த்தையை வைத்து வாசிக்கும் விளையாட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தச் சீட்டுகளையும் அதோடு சேர்த்துவிடுங்கள். ஒத்திகையையே ஊர் பார்க்கத் திறந்து வைத்தவர்களுக்கு இது பெரிய விஷயமாக இருக்காது என்று நம்புகிறேன்.

முதல் வேலையாக ஒன்று மட்டும் செய்யுங்கள். அடுத்த ஒத்திகைக்குப் போகும்போது ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போய், அந்தத் தகட்டில் அடிக்கவேண்டிய இடங்களை வட்டம் போட்டுக் குறித்து வையுங்கள். நாங்கள் வந்து அடித்துப் பார்க்கிறோம்.

மிகுந்த அன்புடன்,
உங்கள் இசைக்காக ஜெர்மன் கற்றுக்கொண்டிருக்கும்
ஒரு தமிழ் ரசிகன்