நுழைவிடத்தில் கையெழுத்திடும் தாள்: ஆட்டோகிராஸ் நடத்துவோருக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அமெச்சூர் ஆட்டோகிராஸ் போட்டிகளை நடத்தும் மோட்டார் கிளப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், அப்போட்டிகளுக்கும் அதில் ஓடும் கார்களுக்கும் பாலிசி வழங்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் வணக்கம்.

அன்றாடம் வேலைக்கு எடுத்துச் செல்லும் அதே காரை விடுமுறை நாட்களில் கூம்புகளுக்கு நடுவே நேரம் பார்த்து ஓட்டுகிறவன் நான்; நான் ஓட்டும் ஆட்டோகிராஸ் அதுதான். பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். போட்டி நாளின் காலையில் நுழைவிடத்தில் ஒரு மேசை போடப்பட்டிருக்கும். மேசைமேல் பொறுப்பு விலக்குப் பத்திரம் இருக்கும்; விபத்து நேர்ந்தால் நடத்துவோர் பொறுப்பல்ல என்று ஒப்புக்கொள்ளும் தாள் அது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். கையெழுத்திட்டு, மணிக்கட்டில் பட்டையைக் கட்டிக்கொண்டு, கார் பரிசோதனைக்கு நகர்ந்துவிடுவோம். அந்தப் பத்திரத்தையும் அதன் பின்னணியில் இருக்கும் பாலிசியையும் பற்றித்தான் இந்த மடல்.

என் நண்பர் ஒருவரின் கார், மழை விட்ட பிறகு நடந்த ஒரு சுற்றில் பின்பக்கம் வழுக்கி, தடத்துக்கு வெளியே இருந்த விளக்குக் கம்பத்தின் கான்கிரீட் அடிப்பகுதியில் மோதியது. அவருக்குக் காயமில்லை. காரின் முன்புறச் சட்டம் வளைந்தது, ரேடியேட்டர் உடைந்தது. பதிவு செய்தபோது “எங்கள் போட்டிக்குக் காப்பீடு உண்டு” என்று கிளப் சொல்லியிருந்ததால், பழுதுபார்க்கும் செலவு கிடைத்துவிடும் என்று அவர் நம்பினார். கிளப் எடுத்திருந்த பாலிசியில் போட்டியாளரின் காருக்கு இடமே இல்லை என்று பிறகு தெரிந்தது. அவருடைய சொந்தக் காப்பீட்டு நிறுவனமோ, வேகப்போட்டிக்கான விலக்கு விதியைச் சுட்டிக்காட்டி இழப்பீட்டு மனுவைத் திருப்பி அனுப்பியது. கார்க் கடனின் தவணைகள் அப்போது பாதிகூடத் தீர்ந்திருக்கவில்லை.

கிளப் பொய் சொல்லவில்லை. காப்பீடு இருந்தது உண்மை. ஆனால் அது யாருக்கான காப்பீடு என்பதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. என் குறை இதுதான், நான் கேட்கப்போவதும் இதைச் சார்ந்ததுதான்: போட்டியாளர் பணம் கட்டுவதற்கு முன்பே, எது காக்கப்படுகிறது, எது காக்கப்படவில்லை என்பதைச் சட்ட மொழியில் அல்லாமல் பேச்சுக்கு நெருக்கமான எளிய மொழியில் எழுதிக் கொடுங்கள்.

போட்டிக்காக எடுக்கப்படும் பாலிசியின் முதன்மையான பகுதி பொறுப்புக் காப்பீடு. பார்வையாளர் ஒருவர் அடிபட்டு வழக்குத் தொடுத்தாலோ, மைதானத்தின் உரிமையாளருக்குச் சேதம் ஏற்பட்டாலோ, கிளப்பையும் நில உரிமையாளரையும் காப்பது அதன் வேலை. நில உரிமையாளர் தம் பெயரையும் பாலிசியில் சேர்க்கச் சொல்வதும், சான்றிதழைப் பார்த்த பிறகே மைதானத்தைத் தருவதும் இதனால்தான். போட்டியாளரின் உடலுக்கான விபத்து மருத்துவக் காப்பீடு சில பாலிசிகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. உள்ள இடங்களிலும் அது பெரும்பாலும் இரண்டாம் நிலையில்தான் நிற்கிறது: அடிபட்டவரின் சொந்த மருத்துவக் காப்பீடு முதலில் கொடுக்க வேண்டும், அதற்குமேல் மிஞ்சுவதை ஓர் உச்சவரம்புக்குள் இது கொடுக்கும். ஒரு போட்டியாளரால் இன்னொரு போட்டியாளருக்கோ, தடத்தோரம் நின்று கண்காணிக்கும் மார்ஷலுக்கோ ஏற்படும் காயம் தனிப்பிரிவு. பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் பங்கேற்பாளர்கள் விலக்கப்பட்டிருந்தால், அதற்கெனத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். போட்டியாளரின் சொந்தக் கார் வழக்கமாக இவை எதிலும் வராது.

இந்த நிலை சட்டத்திலேயே எவ்வளவு வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு ஐரோப்பா ஓர் எடுத்துக்காட்டு. ஸ்லோவேனியாவில் ஒரு பண்ணையில் டிராக்டரின் டிரெய்லர் ஏணியில் இடித்து ஒருவர் கீழே விழுந்த வழக்கில், கட்டாய வாகனக் காப்பீடு பொதுச் சாலையோடு நின்றுவிடுவதில்லை, வாகனத்தின் இயல்பான பயன்பாடு எதையும் தழுவும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. விவசாயப் பண்ணையில் தொடங்கிய வழக்கு மோட்டார் விளையாட்டையே உலுக்கியது; போட்டியில் ஓடும் ஒவ்வொரு காருக்கும் கட்டாயக் காப்பீடு தேவை என்றால், அதைத் தருவதற்கு நிறுவனங்கள் முன்வரா என்ற அச்சம் பரவியது. பிரிட்டன் 2022-இல் தனிச் சட்டம் இயற்றி அந்தத் தீர்ப்பின் விளைவைத் தன் சட்டத்திலிருந்து நீக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் தன் வாகனக் காப்பீட்டு நெறிமுறையைத் திருத்தி, எல்லை வகுக்கப்பட்ட இடத்தில் நடக்கும் மோட்டார் விளையாட்டுக்கு விலக்களித்தது. பார்வையாளர் உள்ளிட்ட மூன்றாம் நபர்களுக்கான மாற்றுக் காப்பீடு இருக்க வேண்டும் என்பது அந்த விலக்குக்கான நிபந்தனை. பங்கேற்கும் ஓட்டுநர்களையும் அவர்களுடைய வாகனங்களையும் அந்தக் காப்பீடு தழுவ வேண்டிய கட்டாயமில்லை என்றும் அதே விதி சொல்கிறது. சட்டம் இயற்றுகிறவர்கள் எழுத்தில் வைத்ததை, காலை ஏழு மணிக்கு மேசை முன் நிற்கும் புதிய ஓட்டுநருக்கு ஏன் யாரும் சொல்வதில்லை?

காப்பீட்டு நிறுவனங்களிடம் இனிப் பேசுகிறேன். ‘ஆட்டோகிராஸ்’ என்ற ஒரே சொல் இருவேறு விளையாட்டுகளைக் குறிக்கிறது. அமெரிக்க வழக்கில், தார் அல்லது கான்கிரீட் தரையில் கூம்புகளால் வகுத்த தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கார் கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடுவது அது. 1944-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ‘சோலோ’ என்ற பெயரில் நடத்துவதும் இதைத்தான். ஐரோப்பிய வழக்கிலோ மண் அல்லது புல் தரையில் பல கார்கள் ஒரே நேரத்தில் புறப்பட்டு, ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடுவதும் ஆட்டோகிராஸ்தான். இவ்விரண்டின் ஆபத்தும் ஒன்றல்ல. முன்னதில் கார் காரோடு மோதும் வாய்ப்பு மிகக் குறைவு. பின்னதில் அது எந்தச் சுற்றிலும் நடக்கக்கூடியது. பெயரைப் பார்த்து பிரீமியத்தைத் தீர்மானிக்காமல், ஒரே நேரத்தில் எத்தனை கார்கள் ஓடுகின்றன, தரை என்ன, அசையாத பொருள்கள் தடத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன, மார்ஷல்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கேளுங்கள். மறுக்கும்போதும் அந்தக் கேள்விகளின் அடிப்படையிலேயே மறுத்துவிடுங்கள். காரணம் புரிந்தால் நாங்கள் ஏற்றுக்கொள்வோம்.

விலக்கு விதியின் சொற்களும் திருத்தப்பட வேண்டியவை. ‘பந்தயம்’, ‘வேகப்போட்டி’, ‘அதற்கான பயிற்சி அல்லது ஆயத்தம்’ என்று பாலிசிகள் சொல்கின்றன. சிலவற்றில் ‘பந்தயத்துக்கென அமைக்கப்பட்ட இடத்துக்குள்’ என்ற வரையறையும் சேர்ந்திருக்கிறது. கார் நிறுத்துமிடத்தில் தற்காலிகமாகக் கூம்பு வைத்தால் அது பந்தயத்துக்கென அமைக்கப்பட்ட இடமா? நேரம் குறிக்காத, பயிற்றுநர் அருகில் அமர்ந்திருக்கும் சறுக்கல் பயிற்சி ஆயத்தமா? கார் தன் சுற்றை முடித்துவிட்டு நிறுத்துமிடத்தில் சும்மா நிற்கும்போது வேறொருவர் வந்து இடித்தால்? இந்தக் கேள்விகளுக்கு விபத்துக்குப் பிறகு விடை தேடுவது எங்களுக்கும் துயரம், உங்களுக்கும் வழக்குச் செலவு. ஆட்டோகிராஸை விலக்குவதானால் அந்தப் பெயரைச் சொல்லியே விலக்குங்கள். ஒரு நாளுக்கு மட்டும் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு காரைக் காக்கும் ஏற்பாடு முடியுமென்றால் அதை அறிவியுங்கள். தங்களுக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டிய கடமை காப்பீட்டு ஒப்பந்தத்தின் இரு தரப்புக்கும் உண்டு என்று 1766-இலேயே இங்கிலாந்தின் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு ஒரு தீர்ப்பில் நிலைநாட்டினார். அந்தக் கடமையை ஓட்டுநரின் பக்கம் மட்டும் நினைவூட்டுவது முறையாகாது.

ஓட்டுநரின் பக்கம் அது இருக்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் மோட்டார் விளையாட்டில் ஈடுபடுகிறீர்களா என்ற கேள்வி வந்தால், “இது வெறும் பொழுதுபோக்குதானே” என்று ‘இல்லை’ எனக் குறிப்பவர்களை எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல் பிற்காலத்தில் குடும்பத்துக்குச் சேர வேண்டிய தொகையைத் தடுக்கக்கூடும். காருக்குள் பொருத்திய கேமராவின் பதிவை எடுத்து வெளியிட்டுவிட்டு, சாலையில் நடந்த விபத்து என்று மனு போடுவது இன்னும் மோசம். அது ஏமாற்று வேலை, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

இப்போது கிளப்புகளிடம் திரும்புகிறேன், ஏனென்றால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். கூரையும் சீட்பெல்ட்டும் ஏர்பேக்கும் ஓட்டுநரைச் சூழ்ந்திருக்கின்றன. தலையில் ஹெல்மெட் இருக்கிறது. சாய்ந்த கூம்பை நிமிர்த்த ஓடும் மார்ஷலுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கிறது. குனிந்திருப்பவர் நிமிர்ந்து, காரைக் கண்டு, எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவெடுக்க ஒன்றரை விநாடி ஆனால், கார் அதற்குள் 25 மீட்டர் வந்துவிடும். வேகம் 90 ஆனால் மோதலின் ஆற்றல் இரண்டே கால் மடங்காகிறது. அப்படி நிற்பவர் பெரும்பாலும் காலையில் ஓட்டி முடித்த இன்னொரு போட்டியாளர்தான். சம்பளம் இல்லை, பயிற்சி சில நிமிடங்கள், கையில் ஒரு சிவப்புக் கொடி. அவருக்கு அடிபட்டால் பாலிசியின் எந்தப் பிரிவு அவரைக் காக்கும்? பணியாளர் என்று கருதப்படுவாரா, போட்டியாளர் என்றா, தன்னார்வலர் என்றா? காப்பீட்டு முகவரிடம் கிளப் எழுத்தில் பெற வேண்டிய முதல் விடை இதுவே என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது, உருளும் ஆபத்து. உயரமான கார்களை அனுமதிப்பதா என்பதை ஓட்டுநரின் விருப்பத்துக்கு விட்டுவிடாதீர்கள். இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும் எண், தட்டையான தரையில் கார் கவிழாமல் தன் எடையைப்போல் எத்தனை மடங்கு பக்கவிசையைத் தாங்கும் என்பதற்கு ஒரு தோராய அளவு. அகலம் 1.5 மீட்டரும் மையத்தின் உயரம் 0.55 மீட்டரும் உள்ள செடானுக்கு அது 1.36. அகலம் 1.6, உயரம் 0.72 என்றால் 1.11 மட்டுமே. பிடிப்பு மிகுந்த போட்டி டயர்களை அந்த இரண்டாவது காருக்கு மாட்டினால், வழுக்கி நின்றுவிட வேண்டிய கார் வழுக்காமல் கவிழ முடியும். டயர் நல்லதாக இருந்தால் பாதுகாப்பும் கூடும் என்று புதியவர்கள் நம்புவது இயல்பு. இந்த ஓர் இடத்தில் அது தலைகீழாகிறது.

பொறுப்பு விலக்குப் பத்திரத்தைக் கேடயமாக நம்பி இவற்றைத் தள்ளிப்போடுவதும் சரியல்ல. கையெழுத்து வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்பது பல நாடுகளில் செல்லாது. பிரிட்டனில் 1977-ஆம் ஆண்டு நேர்மையற்ற ஒப்பந்த விதிகள் சட்டப்படியும், நுகர்வோரைப் பொறுத்தவரை இப்போது 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டப்படியும், தொழில்முறையில் நடத்துகிறவர் தம் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை எந்த அறிவிப்பாலும் கைகழுவ முடியாது. பெரும் அலட்சியத்தை வேறு பல இடங்களிலும் பத்திரம் காப்பதில்லை. கம்பத்திலிருந்து தடத்தைப் பத்து மீட்டர் தள்ளி வைப்பது, பத்திரத்தில் பத்து வரி சேர்ப்பதைவிடக் கிளப்பைக் காக்கும்.

நான் கேட்பது ஒரு பக்கம் மட்டுமே. பதிவை உறுதி செய்யும்போதே, போட்டிக்குப் பல நாள் முன்னதாக, அதை அனுப்பிவையுங்கள். அதில் இருக்க வேண்டியவை: உங்கள் காருக்கு நேரும் சேதம் எங்கள் பாலிசியில் இல்லை, உங்கள் சொந்தப் பாலிசியின் விலக்கு விதியைப் படியுங்கள், ஐயம் இருந்தால் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், மருத்துவக் காப்பீடு இவ்வளவு தொகை வரை, இந்த வரிசையில், மார்ஷலாக நிற்கும்போது உங்களுக்கான காப்பு இது, கடன் வாங்கிய காரிலோ, ஒரே காரை இருவர் பகிர்ந்தோ ஓட்டினால் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும், தேய்ந்த டயரோடும் சூடேறிய பிரேக்கோடும் வீடு திரும்பும் வழியில் எங்கள் பாலிசி உங்களோடு வராது. இதைப் படித்துவிட்டுச் சிலர் வராமல் போகலாம். வருகிறவர்கள் தெரிந்து வருவார்கள். சேதம் தாங்க முடிந்த காரோடு வருவார்கள்.

அத்தகைய ஒரு பக்கத்துக்கான வரைவை எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும் எந்தக் கிளப்புக்கும் தருகிறேன். பாலிசியின் உண்மையான விவரங்களை நிரப்புவதும், அவை சரியா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் கையொப்பம் பெறுவதும் மட்டும் உங்கள் பொறுப்பு. அடுத்த போட்டியில் மதியத்துக்குப் பிறகு நான் மார்ஷல் பணியில் நிற்க வேண்டியிருக்கிறது. அதற்குள் மார்ஷலுக்கான காப்பு பற்றிய அந்த வரிக்கு விடை கிடைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓர் அமெச்சூர் ஆட்டோகிராஸ் ஓட்டுநர்