டயர் வெடிப்பதற்கு முன்னால் நடப்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டயர் வெடித்து கார் கவிழ்ந்தது என்ற செய்தி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. காரில் எத்தனை பேர் இருந்தார்கள், எங்கே போய்க்கொண்டிருந்தார்கள், போக்குவரத்து எவ்வளவு நேரம் நின்றது எல்லாம் அதில் இருக்கும். டயர் ஏன் வெடித்தது என்பது மட்டும் இருக்காது. வானத்திலிருந்து இடி விழுந்த மாதிரி, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்ற தொனியில் செய்தி முடிந்துவிடும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வகுப்புக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பதை வைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஆழமான பள்ளத்தில் அடித்தோ, இரும்புத் துண்டு கிழித்தோ ஒரே நொடியில் போய்விடும் டயரும் உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் நேராக ஓடிக்கொண்டிருக்கும்போது வெடிக்கும் டயர் பெரும்பாலும் காற்று குறைந்தது, வயதானது, அல்லது தாங்க முடியாத பாரம் ஏற்றப்பட்டது. மூன்றையும் வண்டி கிளம்பும் முன்பே பார்த்துவிடலாம்.

என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே தலைகீழானது. "மேடம், வெயில் காலத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும்தானே? சூட்டில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடுமாமே?" வருஷக்கணக்காக வண்டி ஓட்டுகிறவர்கள்கூட இதை நம்புகிறார்கள், அடுத்தவருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். சூட்டில் அழுத்தம் கூடும் என்பது உண்மைதான். வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) கூடும். குளிர்ந்த நிலையில் 32 வைத்த டயர், நன்றாகச் சூடேறிய பிறகு 37 வரை காட்டலாம். அது டயர் செய்தவர்கள் எதிர்பார்த்ததுதான். சாதாரண கார் டயரின் பக்கவாட்டில் அதிகபட்ச அளவாக 44 அல்லது 51 என்று அச்சாகியிருப்பதைப் பாருங்கள். அந்த எண்ணே குளிர்ந்த டயருக்கானது. ஆக, ஐந்து பிஎஸ்ஐ ஏறினதற்கு நல்ல டயர் வெடிக்காது.

ஆபத்து குறைப்பதில்தான் இருக்கிறது. டயரின் அடிப்பகுதி தரையில் படும்போது பக்கச் சுவர் கொஞ்சம் மடங்கி, மேலே போகும்போது நிமிர்கிறது. காற்று குறைந்தால் மடிப்பு பெரிதாகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சாதாரண கார் சக்கரம் நிமிடத்துக்கு 800 தடவைக்கு மேல் சுற்றும். அத்தனை தடவையும் ஒவ்வொரு இடமும் மடங்கி நிமிர வேண்டும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைகிற இடம் சுடுமே, அதே கதைதான். அந்தச் சூட்டில் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூல், கம்பி அடுக்குகளுக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு நாள் முழுக் குடும்பமும் சாமான்களும் ஏறி, நீண்ட தூரம் போகும்போது டயர் கிழிகிறது. காரில் இருப்பவர்களுக்கு அது திடீரென்று நடந்தது. டயருக்கு அது பல வாரக் கதை.

எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்பதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் அது பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் இருக்கும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆட்களும் சாமான்களும் நிறைந்திருந்தால் எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். டயரில் அச்சாகியிருக்கும் பெரிய எண் அந்த டயரின் உச்ச வரம்பு, உங்கள் காருக்கான அளவு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு 44 ஏற்றி, நடுப்பகுதி மட்டும் தேய்ந்து மொட்டையான டயரோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். காற்று குறைவாக ஓட்டினால் இரண்டு ஓரமும் தேயும், அதிகமாக இருந்தால் நடு தேயும். தேய்மானத்தைப் பார்த்தே அந்த வீட்டுப் பழக்கத்தைச் சொல்லிவிடலாம்.

காற்றழுத்தம் அளக்கும் சிறிய கேஜ் ஒன்று வாங்கி வண்டியிலேயே போட்டு வையுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். ஓட்டி வந்த சூட்டோடு பார்த்தால் கணக்கு தவறும். குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டியில் பார்க்க வேண்டும். வால்வு மூடியைக் கழற்றி, கேஜை நேராக அழுத்தினால் 'ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்து உடனே நின்றுவிடும். சத்தம் தொடர்ந்து வந்தால் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், முள் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். எடுத்தபின் வால்வு வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். குமிழி வந்தால் பஞ்சர் இல்லாமலேயே காற்று போகும் இடம் தெரிந்துவிடும். நல்ல டயரும் மாதத்துக்கு 1 பிஎஸ்ஐ அளவு இழக்கும், ஆகவே மாதம் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். காலால் உதைத்துப் பார்ப்பது சோதனையே இல்லை. இப்போதைய டயர்கள் பத்து பிஎஸ்ஐ குறைந்திருந்தாலும் பார்வைக்கு நன்றாகத்தான் நிற்கும்.

இனி, டயரில் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்குக்கு வருகிறேன். கீழே தட்டையான குதிரை லாடம் போல ஒரு வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி. அது டயரின் குறுக்குவெட்டு என்று சொன்னால் பலருக்கு வியப்பு. அமெரிக்காவில் டயரின் மேல்பட்டை பிரிந்து கார்கள் கவிழ்ந்து பலர் இறந்த பிறகு, 2000-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 2007 செப்டம்பருக்குப் பிறகு அங்கே விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் இந்த எச்சரிக்கை கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் மேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கைதான் எனக்குக் கவலை. "விளக்கு எரியவில்லை, ஆகவே காற்று சரியாக இருக்கிறது" என்கிறார்கள். அமெரிக்க விதிப்படி, சொல்லப்பட்ட அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். 32 வைக்க வேண்டிய டயர் 24-க்கு வந்த பிறகு! 26, 27-ல் நீங்கள் ஓட்டிக்கொண்டே இருக்கலாம், டேஷ்போர்டு வாயைத் திறக்காது.

இன்னொன்றும் உண்டு. சில கார்களில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கும். அதன் பேட்டரி பெரும்பாலும் ஐந்து முதல் பத்து ஆண்டுவரை வரும், அப்புறம் செத்துவிடும். வேறு சில கார்கள் காற்றை அளப்பதே இல்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் ஏற்பாட்டின் சென்சார் மூலம் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிடுகின்றன. காற்று இறங்கிய சக்கரம் கொஞ்சம் சிறுத்து, மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும் அல்லவா, அதைப் பிடிக்கின்றன. நான்கும் ஒன்றுபோல மெல்ல இறங்கினால், ஒப்பிட்டு மட்டும் பார்க்கும் எளிய ஏற்பாட்டுக்கு வித்தியாசம் தெரியாது. இந்த வகைக் கார்களில் ரீசெட் பட்டன் ஒன்று இருக்கும். காற்று அடிக்காமல் அதை அழுத்தி விளக்கை அணைப்பவர்கள் இருக்கிறார்கள். குறைந்த அழுத்தத்தையே இனி சரியான அளவு என்று காருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். வண்டியைக் கிளப்பியதும் இந்த விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் மினுக்கி மினுக்கி, பிறகு நிலையாக எரிந்தால், டயரில் குறை இருக்க வேண்டும் என்றில்லை, கண்காணிக்கும் ஏற்பாட்டிலேயே கோளாறு.

மற்ற விளக்குகளுக்கு நிறம்தான் முதல் பாடம். சிவப்பு என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்து, மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு, பச்சையும் நீலமும் ஏதோ இயங்குகிறது என்று மட்டும் சொல்கின்றன. இதைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டுவார்கள். வயதான மாணவர் ஒருவர், மகன் வாங்கிக்கொடுத்த பழைய காரில் பயிற்சிக்கு வந்தார். எண்ணெய்க் குவளைப் படம் போட்ட சிவப்பு விளக்கு வளைவில் திரும்பும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. "அது வாங்கினதிலிருந்தே அப்படித்தான் மேடம், ஒண்ணும் செய்யாது" என்றார். "சார், முதலில் ஓரமாக நிறுத்துங்கள்" என்று இன்ஜினை அணைக்கச் சொல்லி, சற்றுப் பொறுத்து ஆயில் மட்டம் காட்டும் குச்சியை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு பூச்சு. ஆயில் குறைந்திருந்ததால் திருப்பத்தில் அது ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சியது. அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. அழுத்தம் இல்லாத இன்ஜினில் உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. வீடுவரை போய்விடலாம் என்ற கணக்கு அங்கே எடுபடாது.

பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா பாருங்கள். இறங்கியிருந்தும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். ஊற்றி நிரப்பினால் விளக்கு அணைந்துவிடும், பிரச்சினை அணையாது. பிரேக் பேட் தேயத் தேய அந்த ஆயில் மட்டம் இறங்கும், இல்லையென்றால் எங்கோ ஒழுகுகிறது. இரண்டையும் மெக்கானிக் பார்த்தாக வேண்டும். ஏபிஎஸ் என்ற மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஆனால் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். சிவப்பும் இதுவும் சேர்ந்து எரிந்தால் ஓட்டவே கூடாது.

வண்டி ஓடும்போது பேட்டரி படம் போட்ட விளக்கு எரிந்தால் பலர் பேட்டரியை மாற்றப் போகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரோ அதைச் சுற்றும் பெல்ட்டோதான். பல கார்களில் அதே பெல்ட் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது, ஆகவே வெப்ப முள்ளும் சேர்ந்து ஏறினால் உடனே நிறுத்த வேண்டும். நிறுத்திய சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பாயும். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் பதற வேண்டியதில்லை, சில கார்களில் பெட்ரோல் மூடி சரியாகப் பூட்டாததற்கும் எரியும். மினுக்கினால் வேறு கதை: எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. வேகத்தைக் குறைத்து, சீக்கிரம் நிறுத்துங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. சாவியைத் திருப்பி, இன்ஜினைக் கிளப்பாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரிந்து காட்ட வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால், கோளாறை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். எரிந்து, இன்ஜின் கிளம்பிய அதே கணத்தில் ஆயில் விளக்கோடு சேர்ந்து அணைந்தாலும் சந்தேகப்படுங்கள், இரண்டையும் ஒரே ஒயரில் கோத்திருக்கலாம். ஏர்பேக் விளக்கு சில விநாடிகள் கழித்துத் தன்பாட்டில் அணைவதுதான் முறை. அப்படியே டயர் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசியில் இருக்கும் நான்கு இலக்கங்களையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பட்டை நன்றாக இருக்கிறதே என்று வயதான டயரை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதிர்கிறது. டயர் நிறுவனங்கள் பல பத்து ஆண்டை உச்ச வரம்பாகச் சொல்கின்றன, கார் நிறுவனங்கள் சில ஆறிலேயே மாற்றச் சொல்கின்றன. டிக்கியில் தூங்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். சிறிய தற்காலிக ஸ்டெப்னி என்றால் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ கேட்கும், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது.

உங்களிடம் நான் கேட்பது இரண்டே காரியம். டயர் வெடித்த விபத்தை எழுதும் நிருபர், விசாரிக்கும் அதிகாரியிடம் மூன்று கேள்வி கேட்கட்டும்: டயர் எந்த ஆண்டு செய்தது, பட்டை எவ்வளவு மீதம், காரில் எத்தனை பேர், எவ்வளவு சாமான். பதில் கிடைத்தால் செய்தியில் ஒரு வரி சேருங்கள். பதில் இல்லையென்றால் அதையே எழுதுங்கள், அடுத்த முறை அவர்கள் பார்த்து வைப்பார்கள். இரண்டாவது, இந்த விளக்குகளின் படங்களை ஒரு பக்கத்தில் போடுங்கள். பெரும்பாலான கார்களில் குறிகள் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் ஒரே பக்கம் எல்லோருக்கும் உதவும். வண்ணத்தில் அச்சிட வேண்டும், கறுப்பு வெள்ளையில் போட்டால் பாதிப் பயன் போய்விடும். இடம் போதாது என்றால் சிவப்பு நான்கை மட்டுமாவது போடுங்கள்: ஆயில், வெப்பம், பிரேக், பேட்டரி. வகுப்பறைச் சுவரில் ஒட்ட எனக்கும் ஒரு பிரதி வேண்டும்.

இப்படிக்கு,
கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் உங்கள் வாசகி