கட்டடம் அப்புறம், முதலில் கூடாரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சேலத்துக்கு ஒரு பெரிய கோளரங்கம் வேண்டும் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம் என்று யார் சொல்லப் போகிறார்கள்? ஆனால் இடம் பார்த்து, நிதி ஒதுக்கி, டெண்டர் விட்டு, கட்டி முடித்து, அமைச்சர் வந்து திறப்பதற்குள் இப்போது ஏழாவது படிக்கும் என் மகள் காலேஜையே முடித்துவிடுவாள். அதுவரை என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் செவ்வாய்பேட்டையில் சிறிதாக ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். போன வருஷம் மகளின் பள்ளிக்கு நடமாடும் கோளரங்கம் வந்தது. தலைக்கு 120 ரூபாய். கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் வந்தவளிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால், "ரோலர் கோஸ்டர்ப்பா" என்கிறாள். நட்சத்திரமெல்லாம் காட்டவில்லையா என்றேன். காட்டினார்களாம், இங்கிலீஷில் வேகமாக ஏதோ சொல்லிக்கொண்டே போனார்களாம். கால் மணி நேரம் வானம், மீதிக்கு ரோலர் கோஸ்டர் படம்.

மறுநாள் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையைக் கொடுக்கப் போனபோது நானே அதைப் பார்த்தேன். பிரார்த்தனைக் கூடத்தில் கறுப்பாக ஒரு துணிக் கூடாரம், கல்யாண மண்டப அண்டாவைக் கவிழ்த்தாற்போல. கம்பி, கழி எதுவும் கிடையாது. ஒரு மூலையில் ஊதும் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது; அந்தக் காற்றில்தான் கூடாரமே நிற்கிறது. முப்பது பேர் உட்காரக்கூடிய இடத்துக்குள் அறுபது பிள்ளைகளைத் தவழவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வெளியே வேப்பமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நோட்டில் எதையோ பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பணம் கொண்டுவராதவர்கள். அதில் ஒரு பையன் எழுந்து போய்க் கூடாரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். துணி உள்ளே போய்த் திரும்ப வந்தது. இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்து பார்த்துவிட்டு மரத்தடிக்கே போய் உட்கார்ந்தான். அவன் பார்த்த கோளரங்கம் அவ்வளவுதான்.

கூடாரத்தைக் குறை சொல்ல மாட்டேன். சாமான் நல்ல சாமான்தான். உள்ளே காட்டியது எங்கோ ஐரோப்பாவில் எடுத்த படம். அதில் துருவ நட்சத்திரம் உச்சியை ஒட்டி நின்றதாக மகள் படம் வரைந்து காட்டினாள். சேலத்தின் அட்சரேகை 12 பாகைக்கும் உள்ளேதான். துருவ நட்சத்திரமும் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய அதே 12 பாகை உயரத்தில்தான் தெரியும். கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டியாகப் பிடித்தால் ஒரு முட்டி சுமார் 10 பாகை. ஆக ஒரு முட்டிக்குச் சற்று மேல், நமக்கு ஏற்காடு மலை நிற்கும் வடக்குப் பக்கத்திலேயே. அந்தப் படத்தை நம்பி மொட்டை மாடிக்குப் போன பிள்ளை கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றும் கிடைக்காமல் இறங்கிவிடும். நமக்குத் தெற்கே நன்றாகத் தெரிகிற அகத்தியர் நட்சத்திரம் அந்தப் படத்தில் இல்லவே இல்லை. இராத்திரி வானத்தில் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம் அது. லண்டன்காரர்களுக்கு ஒருநாளும் உதிக்காது. அவர்களுக்கு எடுத்த படத்தில் அது எப்படி வரும்?

மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பஸ் ஏறி நாமக்கல் வழியாகத் திருச்சி போய் அங்கிருக்கும் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்தைப் பார்த்தோம். காட்சி தமிழில். சூரியன் மறைந்து, வெளிச்சம் மெல்ல மங்கி, ஒவ்வொன்றாக நட்சத்திரம் வந்தபோது அரங்கமே "ஆ" என்றது. சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடு நட்சத்திரம் வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலாக இருப்பது அருந்ததி. அதைப் பார்த்ததும் என் மனைவி என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். எங்கள் கல்யாணத்தில் காலை பத்து மணி வெயிலில் ஐயர் அருந்ததியைக் காட்டினார். இருவரும் பார்த்துவிட்டதாகத் தலையாட்டினோம். பதினைந்து வருஷம் கழித்துத் திருச்சியில் ஏசி அறைக்குள்தான் அந்த அம்மாளை நேரில் பார்த்தோம்.

ஆனால் நால்வருக்கு பஸ், சாப்பாடு, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் என்று ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. டிக்கெட் செலவு அதில் ஒரு மூலைக்குக்கூட வராது. எங்கள் பட்டறையில் பற்றவைக்கும் கூலிக்கு வருகிறவர் இதற்காக ஒருநாள் வேலையை விட்டு, மேற்கொண்டு இந்தச் செலவும் செய்வாரா? சென்னை பிர்லா கோளரங்கத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அதனால்தான் சொல்கிறேன், மாநகராட்சியோ மாவட்ட நிர்வாகமோ முதலில் ஒரு காற்றுக் கூடாரத்தைச் சொந்தமாக வாங்கட்டும். 20 அடி விட்டம் போதும். உள்ளே ஒரு புரொஜெக்டர், படத்தைக் கூடாரம் முழுக்க விரித்துக் காட்டும் மீன்கண் லென்ஸ், ஒரு கம்ப்யூட்டர். வானத்தைக் காட்ட 'ஸ்டெல்லேரியம்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். சேலம் என்று ஊரைக் கொடுத்தால் இன்றைக்கு இராத்திரி ஏழரை மணிக்கு அஸ்தம்பட்டியில் நின்றால் என்ன தெரியுமோ அது அப்படியே வரும். படமே வேண்டாம். பேசத் தெரிந்த ஒரு ஆள்தான் வேண்டும், அதுவும் தமிழில் பேசத் தெரிந்தவர். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் வானவில் மன்றம் என்ற அறிவியல் சோதனைத் திட்டம் நடக்கிறது. அதில் சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போகும் இளைஞர்களில் இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்தால் வேலை முடிந்தது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், வியாபாரி புத்தி. ஒரு காட்சிக்கு 30 பிள்ளைகள், தலைக்கு 20 ரூபாய், நாளைக்கு ஆறு காட்சி. 3,600 ரூபாய். இதில் வண்டி, ஆள் கூலி, கரண்ட் எல்லாம் போகும். பணம் கொண்டுவராத பிள்ளையையும் உள்ளே விட்டால் இதில் ஒன்றும் மூழ்கிவிடாது, காற்று அடிக்கிற மோட்டார் எப்படியும் ஓடத்தான் போகிறது. 30 பேர் என்றால் 30 பேர்தான், ரோலர் கோஸ்டரும் கூடாது.

இன்னொன்று, பள்ளியோடு நிறுத்தக் கூடாது. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு காட்சி பெற்றோருக்கும் பாட்டிகளுக்கும் வேண்டும். தறிக்கும் பட்டறைக்கும் போகிறவர்கள் அப்போதுதான் வீடு திரும்புவார்கள். ஆடித் திருவிழாவையொட்டி நடக்கும் பொருட்காட்சியில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் இதையும் போட்டுப் பாருங்கள், வரிசை நிற்கும். செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பேர் வாங்கிய பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். வானத்தில் செவ்வாய் எது என்று நாற்பத்தைந்து வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

பெரிய அரங்கம் இல்லாமல் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. நெதர்லாந்தில் பிரானேகர் என்ற ஊரில் ஐசிங்கா என்று ஒருவர் இருந்தார். ஆட்டு ரோமம் சீவும் தொழிலாளி. 1774இல் தொடங்கி ஏழு வருஷம் தன் வீட்டுக் கூடத்தின் கூரையிலேயே மரச் சக்கரமும் ஆணியுமாகச் சூரியக் குடும்பத்தைச் செய்து ஓடவிட்டார். அதில் சனி ஒரு சுற்று வர நிஜ சனியைப் போலவே 29 வருஷத்துக்கு மேல் ஆகும். இன்றும் ஓடுகிறது. ரோமம் சீவுகிறவர் கூடத்தில் செய்ததைக் கொலுசு செய்கிற ஊர் ஒரு சமுதாயக் கூடத்தில் செய்ய முடியாதா?

கூடாரத்தில் பார்த்ததை நிஜ வானத்தில் பார்க்க நமக்கு ஏற்காடு மலையும் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் லேடீஸ் சீட்டில் நின்று எல்லோரும் கீழே சேலத்து விளக்குகளைத்தான் பார்க்கிறோம். அங்கே வைத்திருக்கும் தொலைநோக்கியும் ஊரைக் காட்டத்தான். நகர வெளிச்சம் படாத ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில், மூடுபனி இல்லாத பிப்ரவரி, மார்ச்சில், மாதம் ஒருநாள் அமாவாசையை ஒட்டி ஒரு தொலைநோக்கியை மேலே திருப்பி வைத்தால் போதும். அந்தப் பக்கம் ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1988இல் அங்கே கண்டுபிடித்த குறுங்கோள் ஒன்றுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரே வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் நம் பிள்ளைகளிடம் யார் சொல்வது?

இடம் இல்லை என்று மட்டும் அதிகாரிகள் சொல்ல வேண்டாம். எங்கள் தெருவுக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தை டேப் வைத்து அளந்துவிட்டேன். உயரம் 14 அடி, கூடாரத்துக்கு 13 அடி போதும். நடுவில் இருக்கும் இரண்டு மின்விசிறியை மட்டும் கழற்ற வேண்டும். அதை நானே ஆள் வைத்துக் கழற்றித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கொலுசுப் பட்டறைக்காரர்,
செவ்வாய்பேட்டை, சேலம்.