சிங்கப் பாதுகாப்பு மையம் என்று சொல்லி வேட்டைக்குச் சிங்கம் வளர்க்கும் பண்ணைக்கு அழைத்துப் போனது குறித்துப் புகார்

அனுப்புநர்:
மே மாதம் உங்கள் தென்னாப்பிரிக்கச் சுற்றுலாக் குழுவில் கோவையிலிருந்து வந்த வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, பதிவு எண் ஆகியவை இணைப்பில்)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சென்னை அலுவலகம்

ஐயா,

வணக்கம். நான், என் கணவர், ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் மூவரும் உங்கள் குழுவில் தென்னாப்பிரிக்கா போய் வந்தோம். விமானம், ஓட்டல், சாப்பாடு எதிலும் எனக்குக் குறை இல்லை. என் புகார் சன் சிட்டியில் தங்கியிருந்தபோது ஒரு நாள் காலையில் நடந்ததைப் பற்றியது. போனில் இரண்டு முறை சொல்லியும் சரியான பதில் கிடைக்காததால் எழுத்தில் தருகிறேன்.

நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த பயணத் திட்டத்தில் பிலானஸ்பர்க் தேசியப் பூங்காவில் இரண்டு சஃபாரி என்று இருக்கிறது: ஒன்று மாலையில், ஒன்று மறுநாள் விடியற்காலையில். மாலை சஃபாரி முடிந்து ஓட்டலுக்குத் திரும்பும்போது, உங்கள் டூர் மேனேஜர் பஸ்ஸில் மைக்கைப் பிடித்து, நாளைக் காலை சஃபாரிக்குப் பதிலாகச் சிங்கப் பாதுகாப்பு மையம், குட்டிகளைத் தூக்கிக் கொஞ்சலாம், போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. பூங்காவுக்கே போக விரும்புகிறவர்கள் போகலாமா என்று என் கணவர் கேட்டதற்கு, வண்டி ஒன்றுதான் சார் என்றார்.

பிலானஸ்பர்க்கில் எங்களுக்கு எது பறிபோனது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அவிந்த எரிமலையின் வட்ட மலைகளுக்குள் இருக்கிற காடு அது. பண்ணைகளாகிப் போயிருந்த நிலத்தை 1979-லிருந்து வேலி போட்டு மீட்டு, ஏறக்குறைய 6,000 விலங்குகளை வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து விட்டு, மறுபடியும் காடாக்கியிருக்கிறார்கள். அன்று மாலை மான்க்வே அணைப் பக்கம் வழிகாட்டி சட்டென்று இன்ஜினை அணைத்தார். வெகு தூரத்தில், காய்ந்த புல்லுக்குள் ஒரு பெண் சிங்கம் நடந்து போனது. அதன் வால் நுனியையே குறி வைத்துக்கொண்டு பின்னால் இரண்டு குட்டிகள் ஓடின. நின்று பார்க்கிறது தாய், குட்டிகள் வந்து சேர்ந்ததும் மறுபடி நடக்கிறது. சில நிமிடம்தான். அவ்வளவு நேரமும் வண்டியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதற்காகத்தான் நாங்கள் பணம் சேர்த்து வைத்துப் போனோம்.

மறுநாள் காலை நீங்கள் அழைத்துப் போன இடத்தில் முதலில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். விலங்கால் காயமோ உயிருக்கு ஆபத்தோ நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பில்லை என்று அதில் இருந்தது. என் மகளுக்கும் சேர்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும். இப்படி ஒரு படிவம் உண்டு என்று சென்னையில் யாரும் சொல்லவில்லை. ஜோகன்னஸ்பர்க் அருகில் ஒரு சிங்கப் பூங்காவில், 2015 ஜூனில், கார் ஜன்னல் வழியாகவே சிங்கம் தாக்கி அமெரிக்கப் பெண் ஒருவர் இறந்திருக்கிறார். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்வது உங்கள் கடமை.

உள்ளே ஒரு கம்பிக் கூண்டுக்குள் நான்கு குட்டிகள். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வரிசை. என் மகளின் மடிக்கு வந்த குட்டிக்குக் கண் சொருகிக்கொண்டே போனது. தூங்கிவிட்டால் போட்டோ நன்றாக வராது என்று ஒரு ஊழியர் அதன் காதுக்குப் பின்னால் தட்டித் தட்டி எழுப்பினார். அடிவயிற்று மயிரில் கழிசல் காய்ந்து ஒட்டியிருந்தது. பாதம் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது. அது கத்தவும் இல்லை, விளையாடவும் இல்லை. என் மகள், இதோட அம்மா எங்கேம்மா என்று கேட்டாள். நான் ஊழியரைக் கேட்டேன். தாய் ஒதுக்கிவிட்டது, அதனால் பாட்டில் பால் கொடுத்து வளர்க்கிறோம் என்றார். நான்கு குட்டிகளும் நான்கு அளவில் இருந்தன. நான்கு தாய்களும் ஒதுக்கிவிட்டனவா?

பின்பக்கம் வரிசையாக வேலி போட்ட கொட்டில்கள். பிடரி மயிர் அப்போதுதான் அரும்பும் இளம் ஆண் சிங்கங்கள் ஒன்றில், முழுதாக வளர்ந்தவை அடுத்ததில். பெரிதானதும் இவை எங்கே போகும் என்று கேட்டேன். வேறு காடுகளுக்கு அனுப்புவோம் என்றார்கள். எந்தக் காடு என்றால் மேனேஜரைக் கேளுங்கள் என்றார்கள். மேனேஜர் ஊரில் இல்லை. திரும்பும் வழியில் உள்ளூர்க்காரரான ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுத்தேன். இந்த வடமேற்கு மாகாணத்தில் சிங்க வேட்டைக்கு ஆள் வரும் பண்ணைகள் நிறைய உண்டு, வளர்ந்த ஆண் சிங்கம் லாரியில் ஏறினால் அங்கேதான் போகும் என்றார். அவர் வேலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்பதால் இதற்கு மேல் அவரைப் பற்றி எழுத மாட்டேன்.

அதன்பிறகு நான் தேடிப் படித்ததை நீங்களும் படித்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் 300-க்கும் மேற்பட்ட பண்ணைகளில் சுமார் 8,000 சிங்கங்கள் அடைத்து வளர்க்கப்படுகின்றன. காட்டில் ஒரு பெண் சிங்கம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் குட்டி போடும், குட்டிகள் அதுவரை தாயோடுதான் இருக்கும். பண்ணையில் பிறந்த சில நாளிலேயே குட்டியைப் பிரித்துவிடுகிறார்கள். பால் குடிக்கக் குட்டி இல்லாத தாய் சீக்கிரமே மறுபடி சினைப்படும். சினைக்காலம் மூன்றரை மாதம்தான். இப்படித்தான் எந்த மாதத்தில் எந்தச் சுற்றுலாக் குழு போனாலும் மடியில் வைக்கக் குட்டி கிடைக்கிறது. குட்டியாக இருக்கும்போது கொஞ்சுவதற்குக் காசு. கொஞ்சம் வளர்ந்ததும் கூட நடப்பதற்குக் காசு. பிடரி வளர்ந்தபின் வேலிக்குள் நிறுத்திச் சுடுவதற்குக் காசு. செத்தபிறகு எலும்புக்குக்கூடக் காசு: 2017-ல் மட்டும் 800 சிங்க எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய அந்த அரசே அனுமதி கொடுத்தது. அந்த ஒதுக்கீடு சட்டப்படி செல்லாது என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் 2019-ல் சொன்னது.

மனிதக் கையில் பால் குடித்த சிங்கத்துக்கு மனிதனைக் கண்டால் பயம் கிடையாது. வண்டிச் சத்தம் கேட்டால் தீனி வருகிறது என்று நிமிர்ந்து பார்க்கும். அதைத் தப்பிக்க முடியாதபடி வேலிக்குள் அடைத்துச் சுடுவதற்குப் பெயர்தான் அங்கே ‘கேன்ட் ஹன்டிங்’. வேட்டையை நான் ஆதரிக்கிறவள் இல்லை. ஆனால் காலடித் தடம் பார்த்து நாள்கணக்கில் புதருக்குள் நடக்கிற வேட்டைக்காரர்களே இதை வேட்டை என்று ஒப்புக்கொள்வதில்லை. உலகின் பெரிய வேட்டைச் சங்கமான சஃபாரி கிளப் இன்டர்நேஷனல், அடைத்து வளர்த்த ஆப்பிரிக்கச் சிங்கத்தைச் சுடும் விளம்பரங்களை ஏற்க மாட்டோம் என்று 2018-ல் அறிவித்தது. அமெரிக்கா 2016-லேயே இப்படிச் சுட்ட சிங்கத்தின் தலையையும் தோலையும் நாட்டுக்குள் கொண்டுவரத் தடை போட்டது. வேட்டைக்காரர்களின் கூட்டத்துக்கே கூச்சம் வந்துவிட்ட ஒரு தொழிலுக்கு நீங்கள் குடும்பம் குடும்பமாக வாடிக்கையாளர்களைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது என்று உங்கள் நிறுவனம் சொல்ல முடியாது. குட்டிகளைத் தொடுவதையும் சிங்கத்தோடு நடப்பதையும் தவிர்க்கச் சொல்லி, தென்னாப்பிரிக்கச் சுற்றுலாத் துறையினரின் சங்கமான சாட்சா 2019-லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. 2021 மே மாதம் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் பார்பரா க்ரீசி, சிங்கங்களை அடைத்து வளர்ப்பதையும், அவற்றை வேட்டைக்கு விடுவதையும், குட்டிகளைக் கொஞ்சவிட்டுக் காசு பார்ப்பதையும் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். 2024 மார்ச்சில் அந்நாட்டு அமைச்சரவை அதற்கான கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. பண்ணைகள் இன்னும் திறந்திருக்கின்றன என்பது உண்மை. திறந்திருப்பதால் கூட்டிப்போகலாம் என்றாகிவிடாது.

அந்தக் குறிப்பிட்ட பண்ணை எந்தச் சிங்கத்தை எந்த வேட்டைக்காரருக்கு விற்றது என்பதற்கு என்னிடம் ரசீது இல்லை. அதை நிரூபிக்க வேண்டியது நானா? பாதுகாப்பு மையம் என்ற பெயரில் விற்றது நீங்கள். அங்கே வளர்ந்த ஒரு சிங்கமாவது உண்மையான காட்டுக்குப் போயிருந்தால், எந்த ஆண்டு, எந்தக் காடு என்று எழுத்தில் காட்டுங்கள். காட்டினால் இந்தப் புகாரின் அந்தப் பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

போனில் பேசிய உங்கள் ஊழியர், மேடம், எல்லா கஸ்டமரும் அதைத்தான் விரும்பிக் கேட்கிறாங்க, பாப்பா என்ஜாய் பண்ணலையா என்றார். என் மகள் அன்று மதியம் சாப்பிடவில்லை. அந்தக் குட்டி பெரிதானால் சுட்டுவிடுவார்களா என்று ஊருக்கு வந்தபிறகும் கேட்கிறாள். நான் அவளிடம் பொய் சொல்ல விரும்பவில்லை.

இதைவிட எனக்குக் கோபம் வந்தது, அடுத்த குழுவுக்கான உங்கள் முகநூல் விளம்பரத்தில் என் மகளின் மடியில் அந்தக் குட்டி இருக்கும் படத்தைப் பார்த்தபோது. படத்தை எடுத்தது உங்கள் டூர் மேனேஜர். எங்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. வேட்டைக்குச் சிங்கம் வளர்க்கும் தொழிலுக்கு என் பெண்ணின் முகம் விளம்பரமாக இருப்பதை ஒரு நாள்கூடப் பொறுத்துக்கொள்ள மாட்டேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அதை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டு எனக்குத் தகவல் தர வேண்டும்.

ரத்து செய்த காலை சஃபாரிக்கான தொகையையும், பண்ணை நுழைவுக்கட்டணம் என்று எங்கள் கணக்கில் சேர்த்த தொகையையும் மூன்று பேருக்கும் திருப்பித் தர வேண்டும். உங்கள் தென்னாப்பிரிக்கப் பயணத் திட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் அந்த இடத்தை நீக்க வேண்டும். பெயரை மாற்றி வேறொரு குட்டி கொஞ்சும் பண்ணையைச் சேர்ப்பதை நான் நீக்கமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த குழுவையும் அங்கேயே கூட்டிப்போவதாக இருந்தால் எனக்கு அந்தப் பணம் வேண்டாம். அந்த நேரத்தில் பிலானஸ்பர்க்கில் இன்னொரு சஃபாரி போட்டாலே போதும், வருகிறவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

30 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ், சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் என்ற இரண்டு காரணங்களுக்காகக் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். பயணத் திட்டத்தின் நகல், பணம் கட்டிய ரசீது, உங்கள் விளம்பரத்தின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். பதிலைத் தபாலில் அனுப்புங்கள்; இனி போனில் பேசுவதாக இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
கோயம்புத்தூர்