சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு எந்த நாய்?

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டாள் என்பதையும், சின்னவன் எட்டுகிற பொருளை எல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறான் என்பதையும் படித்து மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். எங்கள் டாக்ஸ்ஹுண்டுக்கு வயதாகிவிட்டதால் இப்போது மாடிப்படி ஏற விடுவதில்லை. நீண்ட முதுகும் குட்டைக் காலும் கொண்ட அந்த இனத்துக்கு முதுகெலும்பின் வட்டுகள் எளிதில் பிதுங்கிவிடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். மற்றபடி அதன் அதிகாரத்தில் ஒரு குறைவும் இல்லை.

பிள்ளைகள் சின்னவர்கள் என்பதால் நாயும் மிகச் சின்னதாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்திருப்பதாகவும், பொமரேனியனா சிவாவாவா என்பதில்தான் குழப்பம் என்றும் எழுதியிருந்தாய். எனக்கு அந்த இரண்டில் எது என்பதைவிட, முதலில் எடுத்த முடிவின் மேல்தான் ஐயம். பெரிய நாய் குழந்தையைத் தள்ளிவிடும், சின்ன நாயால் அப்படி என்ன செய்துவிட முடியும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அபாயம் பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் இருக்கிறது. சிவாவாவின் எடை பொதுவாக 3 கிலோ அளவில்தான் இருக்கும். பொமரேனியனும் ஏறத்தாழ அதே அளவுதான். உன் சின்னவன் இப்போது எவ்வளவு எடை இருப்பான் என்று நினைத்துப் பார். அவன் கால் தடுக்கி அதன்மேல் விழுந்தாலோ, ஆசையாகத் தூக்கி இடுப்புயரத்திலிருந்து நழுவ விட்டாலோ, தாங்கக்கூடிய உடம்பு அதற்கு இல்லை. இந்த மிகச் சிறு இனங்களில் முன்னங்காலின் எலும்பு மணிக்கட்டுக்கு அருகே பென்சிலைப் போல மெல்லியது. சோபாவிலிருந்து குதித்ததிலேயே அது முறிந்துபோவதைக் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். சிவாவாக்களில் பலவற்றுக்கு உச்சந்தலையில் எலும்பு மூடாத மென்மையான இடம் ஒன்று வளர்ந்த பிறகும் அப்படியே இருந்துவிடும்.

உடம்பு நொறுங்குவது ஒரு பக்கம் இருக்க, அப்படிப்பட்ட நாயின் மனநிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தன்னைப் போல் நான்கு மடங்கு எடையுள்ள ஒருவன் கூச்சலிட்டுக்கொண்டு ஓடி வந்து, கேட்காமல் கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துத் தூக்குகிறான் என்றால், அதனிடம் தற்காப்புக்கு இருப்பவை ஓட்டமும் பல்லும் மட்டுமே. ஓட வழி இல்லாதபோது பல்லைக் காட்டும். சின்ன நாய்கள் சிடுசிடுப்பானவை என்று பலர் குறை சொல்வதில் பாதி, அவற்றை யாரும் தரையில் நிற்க விடாததன் விளைவு என்பது என் எண்ணம். 'டீகப்' என்ற பெயரில் கைக்குள் அடங்கும் குட்டிகளை யாராவது காட்டினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. அப்படி ஓர் இனமே கிடையாது. அவை இருப்பதிலேயே சின்னதாகப் பிறந்தவற்றைத் தேடிப்பிடித்து இணைசேர்த்து உண்டாக்கப்பட்டவை. ஒரு வேளை உணவு தவறினாலே இரத்தச் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடக்கூடியவை.

ஆகவே, சின்ன நாய்தான் வேண்டும் என்றால் 6 முதல் 10 கிலோவுக்குள், கையில் எடுத்தால் கெட்டியாக இருக்கிற உடம்பாகப் பார். அந்த அளவில் குணத்துக்குப் பெயர் போனது கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல். பிள்ளைகளோடு அது பழகும் விதத்தைப் பார்த்தால் வேறு எதுவும் வேண்டாம் என்றே தோன்றும். ஆனால் அதன் இதயத்தின் மைட்ரல் வால்வு நாளடைவில் பழுதாவது அந்த இனத்தின் தலையெழுத்தாகவே ஆகிவிட்டது. வயது ஏற ஏற மிகப் பெரும்பாலானவற்றுக்கு அது வந்துவிடுகிறது. மூளைக்குப் போதிய இடமில்லாத சிறிய மண்டையோட்டால் தண்டுவடத்தில் நீர் கோத்துக் கழுத்து வலியால் துன்புறுவனவும் உண்டு. நார்வே நாட்டின் உச்ச நீதிமன்றம் 2023-இல், அந்த இனத்தை இப்போதைய நிலையில் தொடர்ந்து இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளிக்கும் அளவுக்கு நிலைமை போயிருக்கிறது. தாய் தகப்பன் இரண்டின் இதயப் பரிசோதனைச் சான்றுகளையும் காட்டாதவரிடம் அந்தக் குட்டியை வாங்காதே.

பெரியவளுக்குப் பக் நாயின் முகம் பிடித்திருப்பதாக எழுதியிருந்தாய். யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் நாய் தன் உடல் சூட்டை முக்கியமாக இரைத்துத்தான் தணித்துக்கொள்கிறது; மூக்கும் தொண்டையும் நசுங்கிய முகத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும்போது அந்த வழியே பாதி அடைத்துக்கொள்கிறது. பிள்ளைகள் வெயிலில் ஓடும்போது தானும் கூட ஓட நினைக்கும், நிறுத்தத் தெரியாது, சற்று நேரத்தில் சூடு தலைக்கேறி உயிருக்கே ஆபத்தாகும். அது குறட்டை விடுவதை நாம் அழகு என்கிறோம், உண்மையில் அது மூச்சுக்குத் திணறுகிற ஓசை. பிரெஞ்சு புல்டாக்குக்கும் இதே கதைதான். ஓடியாடும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இவை இரண்டையும் நான் சொல்ல மாட்டேன்.

பீகிள், நான் சொன்ன 6 முதல் 10 கிலோ வரம்பின் மேல்முனையில் இருக்கிறது. சில அதையும் தாண்டும். கட்டுக்கோப்பான உடம்பு, கூட்டமாக வாழப் பழகிய வேட்டை நாயாதலால் சண்டைக்குப் போகாத குணம், பிள்ளைகளின் அமளியைச் சகித்துக்கொள்ளும் பொறுமை எல்லாம் உண்டு. அதன் மூக்குத்தான் அதற்கு எசமானன். வாசனை பிடித்துவிட்டால் நீ கூப்பிடுவது காதில் விழாது, சின்னவன் கையில் இருக்கும் பிஸ்கட் அவன் வாய்க்குப் போய்ச் சேராது, ஊளையிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். ஜாக் ரஸல் டெரியரை விட்டுவிடு; நரியை வளையிலிருந்து விரட்ட உருவாக்கப்பட்ட அந்த நாய்க்கு வேலை கொடுப்பதற்கு உனக்கு இன்னொரு ஆள் வேண்டும். டாக்ஸ்ஹுண்டை நான் உயிராக நேசித்தாலும் உனக்குச் சொல்லத் துணிய மாட்டேன். தன் தட்டு, தன் படுக்கை, தன் ஆள் என்று காவல் காக்கும் பிடிவாதம் அதனிடம் மிகுதி.

மினியேச்சர் பூடில், பிஷோன் ஃப்ரீஸ், ஷிட்சூ ஆகியவை மீதி. மூன்றும் முடி அதிகம் உதிர்க்காதவை. அதற்கு மாற்றாக நாள்தோறும் சீவ வேண்டும், சில வாரங்களுக்கு ஒருமுறை வெட்டிவிட வேண்டும், இல்லையேல் முடி திரிதிரியாகச் சிக்கித் தோலை இழுக்கும். உன் கணவருக்குத் தும்மல் தொந்தரவு இருப்பதால் முடி உதிராத நாய் ஒவ்வாமை தராது என்று யாரோ சொன்னதை எழுதியிருந்தாய். அதை நம்பிவிடாதே. ஒவ்வாமையை உண்டாக்குவது முடி அன்று. நாயின் எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கும் புரதம். அது எல்லா நாய்க்கும் உண்டு, ஒவ்வொரு நாய்க்கும் அளவு வேறுபடும். எந்த நாயை எடுக்கப்போகிறீர்களோ அந்த நாயோடேயே அவர் பல முறை உட்கார்ந்து பார்ப்பதுதான் வழி. இம்மூன்றில் ஒன்றைச் சொல் என்றால் நான் மினியேச்சர் பூடிலைச் சொல்வேன். சொன்னதைப் பிடித்துக்கொள்ளும் அறிவும், பெரியவளோடு விளையாடத் தோதான சுறுசுறுப்பும் அதற்கு உண்டு. அதே பெயரில் இன்னும் சிறியதான டாய் வகையைத் தருவார்கள், கவனமாக இரு.

இவ்வளவு எழுதிய பின்னும், இனத்தின் பெயரை வைத்துக் குணத்தை முடிவு கட்டக் கூடாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2022-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை அவற்றின் சொந்தக்காரர்களிடம் கேட்டும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவைப் படித்தும், நாய்க்கு நாய் காணும் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது ஏறத்தாழ 9 விழுக்காடுதான் என்று கண்டது. உடலின் அளவு, முடி, நோய் ஆகியவற்றை இனம் சொல்லிவிடும். இந்தக் குறிப்பிட்ட நாய் உன் பிள்ளை அழும்போது அருகில் வருமா, கட்டிலுக்கு அடியில் ஒளியுமா என்பதை அது சொல்லாது. பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை குட்டி எதையெதைக் கண்டு, கேட்டு, தொட்டுப் பழகியதோ அதைப் பொறுத்துத்தான் அதன் அச்சமும் துணிவும் பெருமளவு அமைகின்றன. ஆகவே தாயையும் குட்டிகளையும் ஒன்றாகப் பார்க்காமல் எடுக்காதே. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்துக் கொடுப்பவரிடம் போகாதே.

என்னைக் கேட்டால் நீ குட்டியே எடுக்க வேண்டாம். குட்டிக்கு ஊசி போன்ற பால்பற்கள் விழுந்து முடிய ஆறேழு மாதம் ஆகும். அதுவரை அசைவதை எல்லாம் கவ்வும், அசைந்துகொண்டே இருப்பவன் உன் சின்னவன். அவன் கத்திக்கொண்டு ஓடுவான், விளையாட்டு என்று நினைத்து அது துரத்தும். அதற்குக் கழிப்பறைப் பழக்கம் சொல்லித்தரும் காலமும் அவனுக்குச் சொல்லித்தரும் காலமும் ஒன்றாக வந்து சேரும். இரண்டு மூன்று வயதான, சிறுவர் இருந்த வீட்டில் வளர்ந்த நாய் கிடைத்தால் அதன் குணம் கண்முன்னே தெரிந்துவிடும். கலப்பினமாக இருந்தால் என்ன?

எந்த நாயானாலும் பெரியவளுக்கு அதன் முகத்தைப் படிக்கச் சொல்லிக் கொடு. எங்கள் தம்பி மகன் வந்திருந்தபோது டாக்ஸ்ஹுண்டின் படுக்கை அருகே குந்தி அதன் முகத்துக்கு நேராகக் குனிந்தான். அது முதலில் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. பிறகு உணவே இல்லாதபோது நாவால் மூக்கை நக்கியது. தூக்கமில்லாதபோது கொட்டாவி விட்டது. கண்ணின் வெண்பகுதி பிறை போலத் தெரிந்தது. வாய் மூடி உடம்பு விறைத்தது. நான் பிள்ளையைக் கூப்பிட்டு நகர்த்திவிட்டேன். அடுத்து உறுமியிருக்கும். உறுமினால் நாயை அதட்டாதே. அதட்டினால் அது எச்சரிப்பதை விட்டுவிட்டு நேராகக் கடிக்கக் கற்றுக்கொள்ளும். சிறு பிள்ளைகளைக் கடிக்கும் நாய் பெரும்பாலும் தெரிந்த நாய்தான், கடி விழுவதும் பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும்தான். காரணம், அவர்கள் குனிந்து கட்டிப்பிடிக்கிறார்கள். கட்டிப்பிடித்தல் நமக்கு அன்பு, நாய்க்குச் சிறை. தின்னும்போதும் தூங்கும்போதும் கிட்டப் போகக் கூடாது, தூக்கக் கூடாது, தரையில் உட்கார்ந்தால் தானாக வரட்டும் என்ற மூன்றையும் ஆறு வயதுப் பிள்ளை பிடித்துக்கொள்வாள். இரண்டு வயதுப் பையன் பிடித்துக்கொள்ள மாட்டான். அவனுக்குச் சட்டம் இல்லை, தடுப்புக் கதவுதான். அவனையும் நாயையும் ஒரே அறையில் தனியே விட்டு அடுப்பைப் பார்க்கப் போகாதே.

மருத்துவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மீதியை மருத்துவர் சொல்வார். குட்டியானால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை தடுப்பூசிகள். வளர்ந்த நாயானால் பழைய தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கு. ரேபிஸ் ஊசி எந்த வயதிலும் விடுபடக் கூடாது. வீட்டு நாயின் பல் பட்டாலும் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குடற்புழு மருந்தைத் தவறவிடாதே. நாயின் உருண்டைப்புழு முட்டை மண்ணில் கிடந்து, மண்ணில் விளையாடும் பிள்ளையின் வாய்க்குள் போகும், கண்ணைக்கூடப் பாதிக்கும். சாக்லேட்டும் திராட்சையும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கமும் நாய்க்கு நஞ்சு. பிள்ளைகள் கீழே போடுகிற துண்டே சின்ன நாய்க்குப் போதும்.

உன் தோழி வெளிநாடு போவதால் விட்டுச்செல்ல நினைக்கும் அந்தப் பிஷோன் கலப்பு நாயைப் பற்றிக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, மூன்று வயது, ஏழு கிலோ என்று. எனக்கு உன் கடிதம் முழுவதிலும் அந்த வரிதான் பிடித்திருந்தது. முதலில் நீ மட்டும் போய்ப் பார், மறுமுறை பெரியவளோடு, அதன் பிறகு சின்னவனோடு. தின்றுகொண்டிருக்கும்போது தட்டின் அருகே யாராவது வந்தால் என்ன செய்கிறது, இதுவரை பிள்ளைகளை நோக்கி எப்போதாவது உறுமியதா, உறுமியது என்றால் எந்த நிலையில், தனியே விட்டால் எவ்வளவு நேரம் பொறுக்கிறது என்று தோழியிடம் தயங்காமல் கேள். அவர் சொல்வதை அப்படியே எனக்கு எழுது. பகலில் நீ வேலைக்குப் போகும் நேரம் அதோடு யார் இருப்பார்கள் என்பதையும் சேர்த்து எழுது. அதை நீ குறிப்பிடவே இல்லை.

அன்புடன்,
கலா